கிட்டார் சேடிலுக்கு அடியில் என்ன நடக்கிறது?

அகூஸ்டிக் கிட்டாருக்கு பிக்கப் (தந்திகளின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் கருவி) பொருத்த நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எந்த பிராண்டு நல்லது?" என்றுதான். அதை மூன்றாவதாகக் கேட்டால் போதும் என்பது என் கருத்து. ஒலி நன்றாக வருமா, வராதா என்பதை அதற்கு முன்பே இரண்டு இடங்கள் முடிவு செய்துவிடுகின்றன. சேடிலின், அதாவது கிட்டாரின் உடல்மேல் தந்திகள் ஏறிச் செல்லும் மெல்லிய துண்டின், அடிப்பக்கம் பிக்கப்பின் மேல் உட்காரும் இடம் ஒன்று. பிக்கப்பின் ஒயர் மின்சுற்றுக்குள் நுழையும் இடம் இன்னொன்று. முதலாவது தச்சு வேலை, இரண்டாவது மின்னியல். இரண்டில் எது பிசகினாலும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பிக்கப்பும் தகர டப்பா மாதிரிதான் ஒலிக்கும்.

ஆறு எஃகுத் தந்திகளும் சுருதி சேர்ந்து நிற்கும்போது அவற்றின் மொத்த இழுவிசை ஏறத்தாழ 70 கிலோ எடைக்குச் சமம். தந்திகள் சேடிலின் மேல் ஏறி, கோணம் மாறிக் கீழே இறங்குவதால், அந்த விசையில் ஒரு பங்கு சேடிலைக் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டே இருக்கிறது. தந்தியை மீட்டினால் இந்த அழுத்தம் நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை கூடிக் குறைகிறது. அந்த ஏற்ற இறக்கத்தை மின்சாரமாக மாற்றுவதுதான் சேடிலுக்கு அடியில் வைக்கும் பீசோ பட்டையின் வேலை.

1880-ல் பியர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக் கியூரியும் குவார்ட்ஸ், டூர்மலின் போன்ற படிகங்களை அழுத்தும்போது அவற்றின் பரப்பில் மின்னூட்டம் தோன்றுவதைக் கண்டறிந்தார்கள். இதுதான் பீசோ குணம். படிகத்துக்குள் நேர், எதிர் மின்னூட்டங்கள் ஒன்றையொன்று சமன் செய்தபடி அடுக்கப்பட்டிருக்கின்றன. அழுத்தினால் அந்த அடுக்கு லேசாக நசுங்கி, சமநிலை குலைகிறது. ஒரு பக்கம் நேர் மின்னூட்டமும் மறுபக்கம் எதிர் மின்னூட்டமும் எட்டிப்பார்க்கின்றன. இன்றைய பிக்கப்களில் ஈய சிர்கோனேட் டைட்டனேட் என்ற செராமிக் துண்டுகளோ, பிவிடிஎஃப் என்ற பிளாஸ்டிக் படலமோ இருக்கும். இந்தப் பிளாஸ்டிக்குக்கு இவ்வளவு வலுவான பீசோ குணம் உண்டு என்பதை 1969-ல் ஜப்பானின் ஹெய்ஜி கவாய் காட்டினார். ஏறக்குறைய அதே காலத்தில், 1960-களின் பிற்பகுதியில், அமெரிக்காவின் ஒவேஷன் நிறுவனம் சேடிலிலேயே பீசோ வைத்த கிட்டார்களை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது.

தந்திகளின் நிலையான அழுத்தம் எந்நேரமும் இருக்கிறதே, அப்படியானால் பிக்கப்பிலிருந்து எந்நேரமும் மின்னழுத்தம் வர வேண்டாமா? வராது. தோன்றிய மின்னூட்டம் சுற்றின் மின்தடை வழியாகக் கசிந்து போய்விடும். மாற்றம் மட்டும்தான் சைகையாக (சிக்னலாக) வெளியே வரும். எவ்வளவு வேகமாகக் கசிகிறது என்பதில்தான் ப்ரீஆம்ப்பின், அதாவது பிக்கப்புக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே வைக்கும் சிறு மின்சுற்றின், கதையே அடங்கியிருக்கிறது.

ப்ரீஆம்ப் என்றால் ஒலியைக் கூட்டும் கருவி என்றுதான் பலர் நினைக்கிறார்கள். கூட்டும்தான், ஆனால் அது இரண்டாம் பட்சம். மின்னியல் கண்ணோடு பார்த்தால் பீசோ பிக்கப் ஒரு சிறு மின்தேக்கி. அதன் மின்தேக்குத்திறன் 500 பிக்கோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து வரும் கருவியின் உள்ளீட்டு மின்தடை அதோடு சேர்ந்து, தாழ்ந்த சுரங்களைத் தடுக்கும் ஒரு வடிகட்டியாகிவிடும். தடுப்பு எங்கே தொடங்கும் என்று கணக்கிடுவது சுலபம்: மின்தடையையும் மின்தேக்குத்திறனையும் பெருக்கி, அதை மறுபடி 6.28-ஆல் பெருக்கி, 1-ஐ அந்த எண்ணால் வகுக்க வேண்டும்.

எண்களைப் போட்டுப் பார்க்கலாம். 1 மெகாஓம் உள்ளீடுள்ள ஒரு கிட்டார் ஆம்ப்ளிஃபயரில் நேராகச் செருகினால் விடை 318 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே ஒவ்வொரு ஸ்தாயி இறங்கும்போதும் சைகை சுமார் பாதியாகிக்கொண்டே போகும். கிட்டாரின் ஆறாவது தந்தி 82 ஹெர்ட்ஸ், ஐந்தாவது 110, நான்காவது 147, மூன்றாவது 196, இரண்டாவது 247. முதல் தந்தி மட்டும்தான் 330. அதாவது, விரல் வைக்காமல் மீட்டும் தந்திகளில் ஐந்தின் அடிப்படைச் சுருதி நலிந்துதான் வெளியே வரும். மேடை ஒலிகளைக் கலக்கும் மிக்சரின் லைன் உள்ளீட்டில் செருகினால் நிலைமை இன்னும் மோசம். அதன் மின்தடை 10 கிலோஓம் அளவில்தான் இருக்கும், எனவே தடுப்பு 31,800 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. மனிதக் காது 20,000-க்கு மேல் கேட்பதில்லை. ஆக, கிட்டாரின் எல்லாச் சுரங்களுமே தடுப்புக்குள் மாட்டிக்கொள்கின்றன, அதிலும் தாழ்ந்தவைதான் அதிகம் அடிபடுகின்றன. "பீசோ என்றாலே மெலிந்த சத்தம்" என்ற புகாரில் பாதி இங்கேதான் பிறக்கிறது. 10 மெகாஓம் உள்ளீடு கொண்ட ப்ரீஆம்ப்பை நடுவில் வைத்தால் அதே பிக்கப்புக்குத் தடுப்பு 32 ஹெர்ட்ஸில்தான் தொடங்கும். ஆறாவது தந்தி முழுசாக வந்துவிடும்.

கேபிளின் பாதிப்பும் இங்கே கொஞ்சம் வித்தியாசமானது. எலெக்ட்ரிக் கிட்டாரில் நீளமான கேபிள் உச்ச சுரங்களைத் தின்னும். பீசோவிலோ கேபிளின் மின்தேக்குத்திறன் பிக்கப்போடு சைகையைப் பங்கு போட்டுக்கொள்கிறது. ஒரு மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட் என்றால், 5 மீட்டர் கேபிளில் 500. பிக்கப்பும் 500 என்பதால் சைகை சரிபாதியாகிவிடும். அதோடு, இவ்வளவு உயர்ந்த மின்தடை உள்ள இடத்தில் ஒயர் நீண்டால் மெயின்ஸ் இரைச்சலையும் வாரிக்கொள்ளும். அதனால்தான் ப்ரீஆம்ப் கிட்டாருக்கு உள்ளேயே, பிக்கப்பிலிருந்து ஓரிரு சாண் தூரத்தில் உட்கார்கிறது. உள்ளே பெரும்பாலும் ஒரு ஜேஃபெட் டிரான்சிஸ்டர் இருக்கும். அதன் வாயில் (கேட்) என்ற உள்ளீட்டு முனை ஏறக்குறைய மின்னோட்டமே எடுக்காது, ஆனால் வெளியே நீளமான கேபிளைச் சிரமமில்லாமல் ஓட்டும்.

பேட்டரியை இணைக்கும் விதம் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. கிட்டாரின் பின் முனையில் இருக்கும் எண்ட்பின் ஜாக் ஸ்டீரியோ வகை: நுனி, வளையம், உடல் என்று மூன்று தொடுமுனைகள். நாம் செருகும் பிளக்கோ மோனோ, அதன் உடல் நீளமானது. பேட்டரியின் எதிர்முனை ஒயர் வளையத் தொடுமுனையில் சால்டர் செய்யப்பட்டிருக்கும். பிளக் உள்ளே போனதும் அதன் நீண்ட உடல் வளையத்தையும் உடல் தொடுமுனையையும் ஒன்றாகத் தொட்டுச் சுற்றை மூடிவிடுகிறது. தனியாக ஸ்விட்ச் வேண்டியதே இல்லை. வாசிக்காதபோதும் கேபிளைச் செருகியே வைத்திருந்தால் பேட்டரி தீர்ந்துபோவதற்குக் காரணமும் இதுதான். 1 மில்லிஆம்பியர் எடுக்கும் ப்ரீஆம்ப்பைக்கூட 500 மில்லிஆம்பியர்-மணி கொண்ட 9 வோல்ட் பேட்டரி கணக்குப்படி 500 மணி நேரம் ஓட்டும். கழற்றி வைக்கும் பழக்கம் இருந்தால் அது நீண்ட காலம்.

சரி, இப்போது தச்சு வேலை. பீசோ பட்டை எங்கே அழுத்தம் விழுகிறதோ அங்கே மட்டும்தான் கேட்கும். சேடிலின் அடியோ, அது உட்காரும் பள்ளத்தின் தரையோ ஒரு தலைமுடி அளவு மேடு பள்ளமாக இருந்தாலும், ஒரு தந்திக்கு நேர் கீழே தொடர்பு விட்டுப்போகும். அந்தத் தந்தி மட்டும் ஆம்ப்பில் அமுங்கிக் கேட்கும். காதால் நேரடியாகக் கேட்டால் எந்தக் குறையும் தெரியாது, ஏனென்றால் மரத்துக்கு அந்த இடைவெளி ஒரு பொருட்டே இல்லை. எத்தனையோ பேர் இதை ஈக்வலைசரில் (தாழ்ந்த, உயர்ந்த சுரங்களைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் கருவியில்) சரிசெய்யப் பார்க்கிறார்கள். முடியாது. ஈக்வலைசர் அதிர்வெண்களைத்தான் அறியும், தந்திகளை அல்ல.

சேடிலின் அடியைத் தட்டையாக்க ஒரு கண்ணாடித் துண்டும் உப்புத்தாளும் போதும். உப்புத்தாளைக் கண்ணாடி மேல் ஒட்டி, சேடிலின் அடியில் பென்சிலால் குறுக்குக் கோடுகள் போட்டு, ஒரு மரக்கட்டையில் சாய்த்துச் செங்குத்தாகப் பிடித்துத் தேய்க்க வேண்டும். கையால் மட்டும் பிடித்துத் தேய்த்தால் ஓரங்கள் உருண்டுபோகும். பென்சில் கோடுகள் ஒரே சீராக மறைந்தால் அடி தட்டையாகிவிட்டது என்று அர்த்தம். நடுவில் ஒரு கோடு மட்டும் மிஞ்சினால் அங்கே குழிவு இருக்கிறது. சேடில் உட்காரும் பள்ளத்தின் தரையைத் தட்டையாக்குவது இதைவிடச் சிரமம். பிரிட்ஜில் (சேடிலைத் தாங்கும் மரக்கட்டையில்) ரூட்டர் என்ற மரம் குடையும் கருவியை ஓட்டும் பழக்கம் இல்லாதவர்கள் அதை மட்டும் ஒரு லூத்தியரிடம், அதாவது கிட்டார் செய்பவரிடம், விட்டுவிடுவது நல்லது.

எவ்வளவு தேய்ப்பது? பட்டையின் தடிமன் எவ்வளவோ அவ்வளவு. 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள பட்டையைச் சேடிலைத் தேய்க்காமலேயே உள்ளே வைத்தால் தந்திகள் சேடிலில் 1 மில்லிமீட்டர் உயரும், தந்தியின் நீளத்தில் பாதியான 12-வது ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கம்பியில்) அரை மில்லிமீட்டர் உயரும். விரல் உடனே உணரும் வித்தியாசம் அது.

அப்புறம் பள்ளத்தின் அகலம். சேடில் விரலால் தள்ளினால் ஏறி இறங்க வேண்டும், ஆனால் ஆடக் கூடாது. இறுக்கமாக இருந்தால் அழுத்தத்தைப் பள்ளத்தின் சுவர்களே தாங்கிக்கொள்ளும், பட்டைக்கு வந்து சேராது. தளர்வாக இருந்தால் தந்திகள் சேடிலை ஒலித்துளைப் பக்கம் சாய்த்துவிடும், அடிப்பக்கம் ஒரு விளிம்பில் மட்டும் நிற்கும்.

ஒயர் உள்ளே போக, பள்ளத்தின் ஒரு முனையில் சிறு துளை வேண்டும். துளை போடுமுன் ஒலித்துளை வழியாகக் கண்ணாடி வைத்துப் பார்த்து, மேல்பலகைக்கு அடியில் உள்ள தாங்கு கட்டைகள் குறுக்கே வரவில்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். டிரில்லைக் கொஞ்சம் சாய்த்துப் போட்டால் பட்டை துளைக்குள் திரும்பும் வளைவு மென்மையாக இருக்கும். செங்குத்தாகப் போட்டால் அந்த முனையில் பட்டை மடங்கி மேடாகும், பக்கத்துத் தந்தி கெட்டுப்போகும். சால்டர் செய்ய வேண்டியிருந்தால் சூட்டை பிக்கப்பிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். பிவிடிஎஃப் படலம் தண்ணீரின் கொதிநிலைச் சூட்டிலேயே தன் பீசோ குணத்தை இழக்கத் தொடங்கிவிடும்.

எண்ட்பின் ஜாக்குக்கு 12 மில்லிமீட்டர் துளை வேண்டும். தோள்பட்டையை மாட்டும் ஸ்டிராப் பின் இருந்த துளை ஏற்கெனவே அங்கே இருப்பதால் சாதாரண டிரில் முனைக்கு மையம் கிடைக்காது, துள்ளி வார்னிஷைப் பெயர்த்துவிடும். கூம்பு வடிவ ரீமரோ, படிப்படியாக அகலும் ஸ்டெப் டிரில்லோ பாதுகாப்பானது. ஜாக்கின் உடலில் குறுக்கே ஒரு சிறு துளை இருக்கும். அதில் ஆணியைச் செருகிப் பிடித்துக்கொண்டு நட்டை முறுக்கினால், உள்ளே ஜாக் சுழன்று ஒயர்களை முறுக்கிப் பிய்க்காது. உள்ளே போகும் ஒயர்கள் எல்லாவற்றையும் கிளிப் போட்டு ஒட்டிவிட வேண்டும். தொங்கும் ஒயர் மேல்பலகையில் தட்டும் சத்தத்தை பிக்கப் அப்படியே ஒலிபரப்பும்.

பக்கப் பலகையை வெட்டிப் பொருத்தும் ப்ரீஆம்ப்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்தக் கருவி பழுதாகும்போது அதே அளவில் மாற்றுக் கருவி கிடைக்காவிட்டால், கிட்டாரில் மிஞ்சுவது ஓட்டைதான். ஒலித்துளையின் உள்விளிம்பில் ஒட்டும் சிறு வால்யூம், டோன் சக்கரங்கள் அதே வேலையைச் செய்கின்றன, மரத்தைத் தொடுவதில்லை.

சேடில் பட்டை தவிர வேறு வழிகளும் உண்டு. ஒலித்துளையில் மாட்டும் காந்த பிக்கப் எஃகின் அசைவை மட்டும் உணரும். அதனால் நைலான் தந்திகளுக்கு உதவாது, வெண்கலம் சுற்றிய தந்திகளிலும் உள்ளிருக்கும் எஃகை மட்டுமே கேட்கும். பிரிட்ஜுக்கு அடியில் உள்புறம் ஒட்டும் பீசோ வட்டுகள் மேல்பலகையின் அதிர்வையே எடுப்பதால் மரத்தின் குணம் கூடுதலாகத் தெரியும். அவற்றைக் கெட்டியான பசையால் ஒட்ட வேண்டும், மெத்தென்ற டேப் உச்ச சுரங்களை உறிஞ்சிக்கொள்ளும்.

மேல்பலகையின் அதிர்வை எடுக்கும் எதுவும் ஊளையிடும் ஆபத்தையும் சேர்த்தே கொண்டுவரும். கிட்டாரின் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுக்கு 100 ஹெர்ட்ஸ் அருகே ஓர் இயல்பதிர்வு உண்டு. ஸ்பீக்கரிலிருந்து வரும் அந்தச் சுரம் காற்றை ஆட்ட, காற்று பலகையை ஆட்ட, பிக்கப் அதை மீண்டும் ஸ்பீக்கருக்கே அனுப்பும். ஒலித்துளையை ரப்பர் மூடியால் அடைத்தால் அந்தக் காற்றதிர்வு அடங்கும். ப்ரீஆம்ப்பில் உள்ள ஃபேஸ் ஸ்விட்ச் சைகையைத் தலைகீழாக்கி, சுற்றிவரும் ஒலி ஒன்றையொன்று வலுப்படுத்தும் சுரத்தையே இடம் மாற்றுகிறது. மேடையில் ஊளை கிளம்பினால் முதலில் அதைத் தட்டிப் பார்ப்பதுதான் மிக மலிவான மருந்து.

எல்லாம் ஒழுங்காகப் பொருத்திய பிறகும், பலமாக மீட்டும்போது சேடில் பிக்கப்பிலிருந்து ஒரு கரகரப்பான தாக்கு எழும். பட்டை கேட்பது தந்தி சேடிலைத் தள்ளும் பச்சை விசையை. பலகையும் காற்றும் அதைப் பதப்படுத்தும் முன்பே அது ஒயரில் ஏறிவிடுகிறது. போதாக்குறைக்கு, அந்தக் கணநேர உச்சம் 9 வோல்ட் ப்ரீஆம்ப் தாங்கும் எல்லையை மீறினால் அலையின் தலை நறுக்கப்படும். இரண்டு பேட்டரிகளை இணைத்து 18 வோல்ட்டில் ஓட்டும் ப்ரீஆம்ப்கள் வந்தது இதற்காகத்தான். பலகையும் காற்றும் சேர்க்கும் குணத்தைத் திருப்பிக் கொண்டுவர இப்போது இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் என்ற முறை இருக்கிறது. அதே கிட்டாரை பிக்கப்பிலும் நல்ல மைக்கிலும் ஒரே நேரத்தில் பதிவு செய்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணினி ஒரு வடிகட்டியாகக் கணக்கிடும். மேடையில் பிக்கப்பின் சைகை அந்த வடிகட்டி வழியாகப் போகும்போது மைக் வைத்தது போன்ற ஒலி வரும். நறுக்கப்பட்ட அலையை மட்டும் இதனால் மீட்க முடியாது, ஆகவே பதிவின்போது ப்ரீஆம்ப்பின் அளவைக் குறைத்து, பலமாக மீட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும். பின்னால் எப்போதாவது சேடிலை மாற்றினால் பழைய வடிகட்டி பொருந்தாது, பதிவை மறுபடி எடுக்க வேண்டியதுதான்.