ரவுண்ட் நைஃப் வாங்கும் முன்: அலகில் தெரியும் கோலத்தை நம்பி ஏமாறாதீர்கள்

உள்ளங்கையில் தையலோடு போன வாரம் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து இன்னொரு தம்பி வந்தார். பெல்ட் வெட்டும்போது ரவுண்ட் நைஃப், அதாவது தடித்த தோல் வெட்டும் அரைவட்ட அலகுக் கத்தி, வழுக்கி இடது கையில் இறங்கியிருக்கிறது. “அண்ணே, கத்தி ரொம்பக் கூரு, அதான் வெட்டிடுச்சு” என்றார். கத்தியை வாங்கி, விளக்குக்கு நேரே விளிம்பைப் பிடித்துப் பார்த்தேன். அரைவட்டம் முழுக்க நூல் போல ஒரு வெள்ளைக் கோடு மின்னியது. கூரான விளிம்பில் அந்தக் கோடு தெரியாது, ஏனென்றால் வெளிச்சம் பட்டுத் திரும்புவதற்கு அங்கே இடமே இருக்காது. கோடு தெரிந்தால் விளிம்பு மழுங்கிவிட்டது என்று பொருள். அந்தக் கத்தி செய்தித்தாளைக்கூட வெட்டவில்லை, கிழித்தது. அதை வைத்து 4 மில்லிமீட்டர் பெல்ட் தோலை வெட்டப் போனால் உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு அமுக்கத்தான் வேண்டும். அப்படி அமுக்கிய கத்தி வழுக்கினால் எங்கே போய் நிற்கும்?

குதிரைச் சேணமும் கடிவாள வாரும் செய்வது, பழுது பார்ப்பது என் தொழில். ஆம்பூரில் கற்றுக்கொண்டேன், இப்போது பிழைப்பு தென்னாப்பிரிக்காவின் டர்பனில். சம்மர்வெல்ட் பக்கம் குதிரை வைத்திருப்பவர்கள் கொண்டு வரும் தடித்த வார்களோடுதான் என் பொழுது போகிறது. 1990-களிலிருந்து இறக்குமதிச் செருப்பு குவிந்து, இங்கே பல காலணித் தொழிற்சாலைகள் மூடின. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளில் சிலர் இன்று வீட்டிலேயே பெல்ட், பை, பர்ஸ் செய்து வார இறுதிச் சந்தைகளில் விற்கிறார்கள். அதில் எனக்கு நிறைந்த சந்தோஷம். அவர்கள் ஒருவர் பின் ஒருவராக ஒரே மாதிரிக் கத்தியை வாங்கி, ஒரே மாதிரிக் காயத்தோடு வருவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அந்தக் கத்தி எது என்று உங்களுக்கே தெரியும். இணையத்தில் சில நூறு ராண்டுக்குக் கிடைக்கும். அலகு முழுவதும் அலை அலையாகக் கோலம், வண்ணக் கைப்பிடி, கூடவே ஒரு தோலுறை. பெயர் “டமாஸ்கஸ்”. கோலம் இருந்தால் உருக்கு உயர்ந்தது என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள், எல்லோரும் நம்புகிறார்கள்.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இன்றைக்கு டமாஸ்கஸ் என்று விற்பது இரண்டு வகை எஃகை அடுக்கடுக்காக வைத்து, காய்ச்சி அடித்து ஒட்டியது. நல்ல கொல்லர்கள் வழக்கமாக 1095 என்ற கார்பன் எஃகையும், நிக்கல் கலந்த 15என்20 எஃகையும் சேர்ப்பார்கள். அடித்து முடித்து அமிலத்தில் முக்கினால் கார்பன் எஃகு கறுக்கும், நிக்கல் உள்ள அடுக்கு வெளுப்பாகவே நிற்கும். கோலம் வருவது அவ்வளவுதான். அமிலம் எந்த அடுக்கைக் கறுக்க வைத்தது என்பது மட்டுமே அதில் தெரியும். கத்திக்குச் சரியாகத் துவைச்சல் போட்டார்களா (காய்ச்சி முக்கிக் கடினமாக்கினார்களா), விளிம்பு எவ்வளவு கடினம், எத்தனை நேரம் கூர் தாங்கும், இவற்றில் ஒன்றைக்கூட அந்தக் கோலம் சொல்லாது. மலிவான கத்திகளில் கடினமாகவே ஆகாத மெல்லிரும்பை ஓர் அடுக்காகச் சேர்த்துவிடுகிறார்கள். அந்த அடுக்கு விளிம்பில் வந்து நிற்கும் இடத்தில் கூர் நிற்காது. இன்னும் சிலதில் அடுக்கே கிடையாது, சாதாரணத் தகட்டின் மேல் கோலத்தை அரித்து வரைந்திருப்பார்கள்.

“நம்ம ஊர் உருக்குதானே அண்ணே டமாஸ்கஸ் வாளுக்குப் போச்சு?” என்றும் கேட்கிறார்கள். போனது உண்மை. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மூசையில், அதாவது உலைக்குள் வைக்கும் மண் குடுவையில், உருக்கி எடுத்த எஃகுக் கட்டிகள் மேற்காசியாவுக்குப் போயின, பழைய டமாஸ்கஸ் வாள்கள் அதில் அடித்தவை. அந்தக் கோலம் எஃகின் உள்ளேயே உறைந்து வந்தது, அடுக்கி ஒட்டி வந்ததில்லை. அந்தப் பெருமைக்கும் நீங்கள் இணையத்தில் வாங்கிய கத்திக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. தயவுசெய்து அதை நினைத்துப் பணம் கொடுக்காதீர்கள்.

சரி, வேறு எதைப் பார்த்து வாங்குவது? முதலில் விற்பவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். எஃகின் பெயர் என்ன, ராக்வெல் கடினம் (எஃகு எவ்வளவு கடினம் என்று காட்டும் எண்) எவ்வளவு. ஓ1, 1095, 52100 மாதிரி ஒரு பெயரும், 58-லிருந்து 62-க்குள் ஓர் எண்ணும் வந்தால் மேலே பேசலாம். “ஹை கார்பன்”, “சர்ஜிக்கல் ஸ்டீல்” என்பதோடு நிறுத்தினால் வாங்க வேண்டாம். ஸ்டெயின்லஸ் என்றாலே மட்டம் என்று நான் சொல்லவில்லை, நல்லவையும் உண்டு. ஆனால் பெயர் சொல்லாத ஸ்டெயின்லஸ் பெரும்பாலும் மெத்தென்றுதான் இருக்கிறது.

கத்தி கைக்கு வந்ததும் ஒரு நல்ல அரத்தை எடுத்து, விளிம்பின் ஓரத்தில், கொம்பு என்கிற அரைவட்டத்தின் முனைக்குப் பக்கமாக லேசாக இழுத்துப் பாருங்கள். சரியாகத் துவைச்சல் போட்ட எஃகில் அரம் வழுக்கிப் போகும். கடித்து இரும்புத்தூள் விழுந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது தடிமன். கனமான கத்திதான் நல்ல கத்தி என்ற நினைப்பும் நம்மவர்களிடம் இருக்கிறது. முதுகில் 2 மில்லிமீட்டர் அளவில் இருந்து, விளிம்பை நோக்கி ஒரே சீராக மெலிந்து வர வேண்டும். விளிம்புக்குச் சற்று மேலேயே தடித்திருந்தால் என்ன கூர் வைத்தாலும் தடித்த தோலில் ஆப்பு இறங்கியது போலச் சிக்கும். கூர் முகம் பக்கத்துக்கு 10-லிருந்து 15 டிகிரி போதும். கொம்பு முனைகள் இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா, கைப்பிடி நடுவில் நேராக நிற்கிறதா என்று கண்ணுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். பித்தளைப் பூணுக்கு மேலே கைப்பிடியைப் பிடித்து அலகைத் திருகினால் துளிகூட அசையக் கூடாது. புதிதாகப் பழகுபவர்களுக்கு 4 அல்லது 5 அங்குல அகலம் போதும்.

பழைய கத்தி கிடைத்தால் விடாதீர்கள். சேணத் தொழிலுக்குப் பேர் போன இங்கிலாந்தின் வால்சால், கருவி அடிக்கும் ஷெஃபீல்ட், இந்த ஊர்களிலிருந்து வந்த கத்திகள் பழைய கருவிப் பெட்டிகளில் இன்னும் கிடைக்கின்றன. அமெரிக்காவின் சி.எஸ். ஆஸ்போர்ன் 1826-லிருந்து இருக்கும் நிறுவனம், அதன் பழைய கத்திகளும் நன்றாக உழைக்கும். துரு மேலாக இருந்தால் பரவாயில்லை, விளிம்புப் பக்கம் குழி விழுந்திருந்தால் வேண்டாம். விளிம்பில் நீலம் பாய்ந்திருக்கிறதா என்று அவசியம் பாருங்கள். யாரோ மின்சாணையில் வைத்துக் காய்ச்சிவிட்டார்கள் என்பதற்கு அதுதான் அடையாளம். எஃகு நீலமாவது ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸில், ஓ1 போன்ற எஃகைப் பதப்படுத்துவது 200 டிகிரி அளவில். நீலம் பாய்ந்த இடத்தில் கடினம் இறங்கிவிட்டது, அந்தப் பகுதியைத் தேய்த்து எடுக்காமல் கூர் நிற்காது. உங்கள் கத்தியையும் தெருமுனையில் சாணை பிடிக்கக் கொடுக்காதீர்கள். 1000, அப்புறம் 4000 அல்லது அதற்கு மேல் நயம் எண் (எண் கூடக்கூடக் கல் நயமாகும்) உள்ள சாணைக்கல், பச்சை நிறக் குரோமியம் ஆக்சைடு தடவிய ஒரு தோல்பட்டை, இவை வீட்டிலேயே இருக்கட்டும். கல்லில் எப்போதாவது தேய்த்தால் போதும். தோல்பட்டையில் வேலைக்கு நடுவே அடிக்கடி, விளிம்பு பின்னால் வரும்படி இழுங்கள்.

ஒன்றை எல்லோருமே மறக்கிறார்கள். இந்தக் கத்திக்கு இரண்டு கொம்பு. முன்கொம்பால் வளைவு வெட்டும்போது கைப்பிடி சாயும், பின்கொம்பு உங்கள் மணிக்கட்டுப் பக்கம் எழும். காயம்பட்டு வருகிறவர்களில் சிலருக்கு அங்கேதான் வெட்டு. பழகும் வரை பின்பக்கம் மூன்றில் ஒரு பங்கு விளிம்பைக் கல்லில் மழுக்கி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு எப்போது வேண்டுமானாலும் கூர் ஏற்றலாம். நேர்க்கோடு வெட்டும்போது கத்தியை உங்களை விட்டு முன்னே தள்ளுங்கள், பிடிக்கும் கை அலகுக்குப் பின்னால் இருக்கட்டும். மேசை ஓரத்தில் கத்தியை வைக்காதீர்கள். விழுந்தால் பிடிக்கப் போகாதீர்கள், விழட்டும். அடியில் பாலித்தீன் பலகை போடுங்கள், கிரானைட்டும் கண்ணாடியும் ஒரே வெட்டில் விளிம்பைக் கெடுத்துவிடும்.

பர்ஸ் மட்டும் செய்கிறவர்களுக்கும், ஆட்ஸ்ஹூர்ன் நெருப்புக்கோழித் தோல், ‘குடு’ என்ற ஆப்பிரிக்க மானின் தோல் என்று மெல்லிய தோலில் வேலை செய்கிறவர்களுக்கும் ரவுண்ட் நைஃப் தேவையே இல்லை. சாதாரண மாற்று அலகுக் கத்தியும் இரும்பு ஸ்கேலும் போதும். இது பட்டை போட்டுப் பதனிட்ட தடித்த தோலுக்கான கருவி. இங்கே அந்தப் பட்டை பெரும்பாலும் வாட்டில் மரத்தினுடையது. நம் ஊரில் ஆவாரம்பட்டை செய்த வேலையை டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மாகாணத்தின் வாட்டில் தோட்டங்கள் இங்கே செய்கின்றன. இதில் கத்திக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பட்டைச் சத்தும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் தோலில் மையைக் கொட்டியது போலக் கறை விழும். நனைத்த தோலை வெட்டும்போது அலகை அடிக்கடி துடையுங்கள். கறை விழுந்துவிட்டால் உடனே எலுமிச்சைச் சாறு தடவுங்கள், பெரும்பாலும் போய்விடும். அதே காரணத்தால் கத்தியை நாள்கணக்கில் தோலுறைக்குள் போட்டு வைக்கவும் கூடாது. டர்பன் கடற்காற்றில் உறைக்குள்ளேயே துருப்பிடிக்கும். துடைத்து, மினரல் ஆயில் ஒரு துளி தடவி, அலகுக்கு மரத்தில் ஒரு மூடி செய்து மாட்டுங்கள். பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

இதையும் மீறி வெட்டுப்பட்டால் சுத்தமான துணியை வைத்து அழுத்தி, கையை உயர்த்திப் பிடியுங்கள். மஞ்சள், காபித்தூள் எதுவும் வைக்காதீர்கள். ரத்தம் நின்றதும் அடிபட்ட விரலை மடக்கி நீட்டிப் பாருங்கள், நுனியைத் தொட்டுப் பாருங்கள். மடங்கவில்லை என்றாலோ, நுனி மரத்திருந்தாலோ, காயம் எவ்வளவு சின்னதாகத் தெரிந்தாலும் தசைநாணோ நரம்போ அறுந்திருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். சந்தைக்குப் பெல்ட் கொடுக்க வேண்டும், முடித்துவிட்டுப் போகிறேன் என்று ஒருவர்கூடத் தள்ளிப்போடாதீர்கள், உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.