டீன் ஐடல்: யாருடைய வயது, யாருடைய கனவு?

'டீன் ஐடல்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது? டீன் ஐடல் என்றால் பதின்வயதிலேயே புகழ் பெற்றவர் என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் இதில் வரும் டீன், மேடையில் நிற்பவரின் வயது அல்ல. கீழே நின்று கத்துகிறவர்களின் வயது. 1944 அக்டோபரில் நியூயார்க்கின் பாரமவுண்ட் அரங்கில் அமெரிக்கப் பாடகர் ஃபிராங்க் சினாட்ரா பாடினார். காட்சி முடிந்தும், குட்டைக் காலுறை போட்ட பெண்பிள்ளைகள் இருக்கையை விட்டு எழவில்லை. அடுத்த காட்சிக்கு வந்த பல்லாயிரம் பேர் தெருவை அடைத்து நின்றார்கள். சினாட்ராவுக்கு அன்று வயது 28. அமெரிக்கப் பாடகர் ரிக்கி நெல்சனைப் போல 16 வயதிலேயே பாட வந்து புகழ் பெற்றவர்களும் உண்டு. குழப்பத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

டீன் என்பது ஆங்கில எண்களில் 13 முதல் 19 வரை வரும் ஈறு. பத்து என்றுதான் பொருள். நம்முடைய 'பதின்' அதற்கு அப்படியே பொருந்துகிறது, பதினொன்றைச் சேர்த்துக்கொண்டு பத்தொன்பதை விட்டுவிட்டாலும்! பதின்பருவம், பதின்வயது என்று தயங்காமல் எழுதலாம்.

ஐடல்தான் கடினம். வேர் கிரேக்க மொழியின் 'ஐடோலோன்': உருவம், நிழலுரு, ஆவித் தோற்றம். ஹோமரின் கிரேக்கக் காவியமான ஒடிசியில், தூங்கும் நாயகி பெனலோப்பியைத் தேற்ற அத்தீனா என்ற தேவதை அவளுடைய சகோதரியின் வடிவில் ஒரு நிழலுருவைச் செய்து அனுப்புகிறாள். கனவில் வந்து ஆறுதலாகப் பேசிவிட்டுப் போகும் அந்த உருவுக்கும் பெயர் ஐடோலோன்தான். பிறகு லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது, வணங்கப்படும் சிலை என்ற பொருளே முன்னுக்கு நின்றது. தமிழ் பைபிள் அதை 'விக்கிரகம்' என்கிறது.

விக்கிரகம் என்றோ படிமம் என்றோ இங்கே போட முடியுமா? எனக்கு ஒப்பவில்லை. சிலைக்கு வயது ஏறாது, மனிதனுக்கு ஏறும். அமெரிக்க நடிகரும் பாடகருமான டேவிட் காசிடி 1970இல் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் பள்ளி மாணவனாக நடிக்க வந்தபோதே அவருக்கு 20 வயது. சுவரொட்டியில் இருந்த பையன் அப்படியே இருந்தான், அவர் வளர்ந்துகொண்டிருந்தார். 1974 மே மாதம் லண்டன் வைட் சிட்டி அரங்கில் அவர் பாடியபோது நெரிசலில் சிக்கிய 14 வயதுச் சிறுமி சில நாளில் இறந்துபோனாள். காசிடியின் முகத்தை வைத்து யாரோ செய்த உருவத்தைத் தேடி வந்தவள் அவள். அந்தப் பாரத்தையும் மேடையில் நின்ற 24 வயது மனிதர்தான் சுமக்க வேண்டியிருந்தது.

நம் வாரப் பத்திரிகைகள் வெகுகாலமாக எழுதிவரும் 'கனவு நாயகன்' என்ற சொல்லைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். பெனலோப்பியின் கனவில் வந்த உரு இதில் தானாகவே வந்து உட்கார்ந்துவிடுகிறது. யாருடைய கனவு என்பதைச் சேர்த்தால் டீனும் சரியான இடத்துக்குப் போய்விடும்: 'பதின்பருவத்தினரின் கனவு நாயகன்', பேச்சுவாக்கில் 'இளசுகளின் கனவு நாயகன்'. பெண்ணாக இருந்தால் கனவு நாயகி. கனவுக்கன்னி வேண்டாம், அது ஆண்களின் ஏக்கத்தை மட்டும் சொல்லும் சொல். இங்கே கனவு காண்கிறவர்களில் பெண்பிள்ளைகளும் இருக்கிறார்கள்.