ஒரே கம்பி, வேறு வேறு குரல்: பழைய பேஸ் கிட்டார்களின் ஒலி எங்கிருந்து வருகிறது?

1962-ல் கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் நகரில், ஃபெண்டர் தொழிற்சாலையில் செய்த இரண்டு பேஸ் கிட்டார்களை, அதாவது கீழ்ச் சுரங்களை ஒலிக்கும் நான்கு கம்பி மின் கிட்டார்களை, எடுத்துக்கொள்வோம். ஒன்று பிரிசிஷன் பேஸ், மற்றது ஜாஸ் பேஸ். இரண்டுக்கும் உடல் ஆல்டர் மரம், கழுத்து மேப்பிள், விரல்பலகை ரோஸ்வுட். கம்பி அதிரும் நீளமும் இரண்டிலும் 34 அங்குலம்தான். ஒரே வகைக் கம்பிகளைப் பூட்டி, ஒரே ஆம்பிளிஃபயரில் செருகி, ஒரே விரலால் ஏ கம்பியைச் சுண்டுங்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்பவர்கூட எது எது என்று சொல்லிவிடுவார். பிரிசிஷனின் ஒலி நெஞ்சில் வந்து முட்டும். ஜாஸ் பேஸ் அடியில் உறுமும், மேலே மினுங்கும், நடுவில் கொஞ்சம் விலகி மற்ற வாத்தியங்களுக்கு வழிவிடும்.

பழைய பேஸ்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால் மரம் காய்ந்து பக்குவப்பட்ட கதைதான் முதலில் வரும். எனக்கும் அந்தக் கதை பிடிக்கும். ஆனால் இந்த இரண்டு பேஸ்களுக்கும் மரம் ஒன்று, வயதும் ஒன்று. அப்படியானால் வேறுபாட்டை வேறு இடத்தில்தான் தேட வேண்டும். கம்பியின் அசைவை மின்சாரமாக்கும் பிக்கப், கம்பிக்குக் கீழே எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

சுண்டிய கம்பி பல ஆட்டங்களை ஒரே நேரத்தில் ஆடுகிறது. ஏ கம்பி தன் முழு நீளத்துக்கும் விநாடிக்கு 55 முறை ஆடும்; இதுதான் அதன் அடிப்படை ஒலி. அதோடு சேர்ந்து இரண்டு பாதிகளாக 110 முறை, மூன்று பங்குகளாக 165 முறை என்று மடங்கு மடங்காகவும் ஆடிக்கொண்டிருக்கும். இவைதான் சீரிசைகள். ஒவ்வொரு சீரிசைக்கும் கம்பியில் அசையாத புள்ளிகள் உண்டு, அவை கணுக்கள். இரண்டு கணுக்களுக்கு நடுவில் வீச்சு அதிகம். வீணை வாசிப்பவர்களுக்கு இது கைப்பழக்கமாகவே தெரியும்: மீட்டும் விரல், கம்பியைத் தாங்கும் குதிரைக்கு அருகே போகப் போக ஒலி கூர்மையாகும், விலகி வந்தால் உருண்டு திரளும்.

பிக்கப் என்பது காந்தக் கட்டைகளைச் சுற்றிய செப்பு இழைச் சுருள். இழையின் தடிமன் 0.06 மில்லிமீட்டரை ஒட்டியது, தலைமுடி அளவுதான். அதை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியிருப்பார்கள். எஃகுக் கம்பி காந்தப்புலத்தில் அசையும்போது மின்காந்தத் தூண்டலால் சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. முக்கியமான விஷயம் என்னவென்றால், தன் தலைக்கு நேர் மேலே கம்பி எப்படி அசைகிறது என்பது மட்டும்தான் பிக்கப்புக்குத் தெரியும். அங்கே ஒரு சீரிசையின் கணு விழுந்தால், கம்பி முழுவதும் அது துடித்தாலும் பிக்கப்புக்குக் கேட்காது.

லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பேஸை 1951-ல் வெளியிட்டார். விரல்பலகையின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான பிரெட்டுகள் இருப்பதால் சுரம் துல்லியமாக விழும் என்பதால்தான் அந்தப் பெயர். 1957-ல் அதன் பிக்கப்பை இரண்டு துண்டாக வெட்டி, கொஞ்சம் தள்ளித் தள்ளி வைத்தார்கள். இ, ஏ கம்பிகளுக்கு ஒரு துண்டு, டி, ஜி கம்பிகளுக்கு ஒரு துண்டு. இரண்டிலும் சுற்றும் திசை எதிரெதிர், காந்த முனையும் எதிரெதிர். மின்சார வயர்களிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் எதிர்மறையாகப் பதிவாகி அழிந்துவிடும். கம்பியின் ஒலி அழியாது. ஒவ்வொரு கம்பிக்கும் கீழே ஒரு காந்தக் கட்டைக்குப் பதில் இரண்டு வந்தன. கம்பி இரண்டுக்கும் நடுவே ஆடுவதால் சுண்டும்போது எழும் அடி கொஞ்சம் மென்மையானது.

இந்தப் பிக்கப் குதிரையிலிருந்து, அதாவது பிரிட்ஜிலிருந்து, கம்பி நீளத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு தூரத்தில் இருக்கிறது. எனவே திறந்த கம்பியில் ஆறாவது சீரிசை மங்கும். சுற்றியுள்ள மற்றவை வலுவாகவே வரும்.

ஜாஸ் பேஸ் வந்தது 1960-ல். இதில் இரண்டு பிக்கப்புகள். ஒன்று பிரிட்ஜிலிருந்து சுமார் 6 அங்குலத்தில், மற்றது சுமார் 2.4 அங்குலத்தில். இரண்டையும் முழுதாகத் திறந்தால் என்ன ஆகும் என்பதை ஏ கம்பியிலேயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எட்டாவது சீரிசை என்றால் கம்பி எட்டுத் துண்டுகளாக ஆடும். ஒரு துண்டு 34-ஐ எட்டால் வகுத்தால் 4.25 அங்குலம். பிரிட்ஜுக்கு அருகிலுள்ள பிக்கப் முதல் துண்டுக்கு அடியில் இருக்கிறது. தள்ளி இருப்பது இரண்டாவது துண்டுக்கு அடியில். பக்கத்துப் பக்கத்துத் துண்டுகள் எப்போதும் எதிரெதிராக ஆடும்: ஒன்று மேலே போகும்போது மற்றது கீழே. இரண்டு பிக்கப்புகளும் அனுப்பும் மின்னலைகளைக் கூட்டினால் மிஞ்சுவது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஒன்பதாவதுக்கும் இதே கதி. ஏ கம்பியில் இவை 440, 495 ஹெர்ட்ஸ். அந்தப் பகுதியில்தான் ஜாஸ் பேஸின் ஒலி நடுவில் குழி விழுகிறது. ஒற்றை இடத்திலிருந்து கேட்கும் பிரிசிஷனில் அதே 440 ஹெர்ட்ஸ் முழு பலத்தோடு நிற்கிறது. நெஞ்சில் முட்டும் அந்தத் திரட்சியின் பெரும் பங்கு இந்த நடுப்பகுதியில் இருக்கிறது.

பிரெட்டில் விரல் வைத்ததும் கம்பியின் நீளம் குறைந்துவிடும், பிக்கப் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆகவே இந்தக் குழியும் சுரத்துக்குச் சுரம் இடம் மாறும். ஒரே பேஸில் மேலே ஏற ஏறக் குரல் நிறம் மாறுவதற்கு இதுவும் காரணம்.

1970களின் தொடக்கத்தில் ஜாஸ் பேஸின் பின் பிக்கப்பை, அதாவது பிரிட்ஜுக்கு அருகிலுள்ளதை, இன்னும் பிரிட்ஜை நோக்கி ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் நகர்த்தினார்கள். ஒரு விரல்நகத்தின் அகலம்தான். அறுபதுகளின் ஜாஸ் பேஸ் வேறு, எழுபதுகளின் ஜாஸ் பேஸ் வேறு என்று வாசிப்பவர்கள் பிரித்துப் பேசுவதில் அந்த 10 மில்லிமீட்டருக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த இடத்தில் அடிப்படை ஒலி மெலிந்து, உயர் சீரிசைகள் முன்னுக்கு வருகின்றன. இதற்கு நேர் எதிர்த் திசையில் போனது 1959-ல் வந்த, கிப்சன் நிறுவனத்தின் ஈபி-0 பேஸ். அதன் பெரிய பிக்கப் கழுத்தை ஒட்டியே இருக்கும். அடிப்படை ஒலி வண்டி வண்டியாக வரும், தெளிவு குறையும்.

கைக்கு வருவோம். தலைமுனையில் கம்பிகள் பதியும் நட் பக்கத்தில் பிரிசிஷனின் கழுத்து 44 மில்லிமீட்டர் அகலம், ஜாஸ் பேஸில் 38. ஆறு மில்லிமீட்டர் என்று படிக்கும்போது ஒன்றும் தோன்றாது. இடது கை நான்கு கம்பிகளையும் கடந்து இ கம்பிக்குப் போகும்போது மணிக்கட்டு அதைச் சொல்லும். சிறிய கை உள்ளவர்கள் ஜாஸ் பேஸை விட்டு இறங்க மறுப்பதன் காரணம் முதலில் கழுத்துதான், ஒலி அப்புறம்.

கம்பியின் நீளம் இதைவிட ஆழமாகக் கையைத் தொடும். ஜெர்மனியின் ஹோஃப்னர் 500/1, வயலின் வடிவில் உள்ளே கூடான பேஸ். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961-ல் ஹாம்பர்கில் ஒன்றை வாங்கியதால் உலகப் புகழ் பெற்றது. அதன் கம்பி நீளம் 30 அங்குலம். ஒரே கம்பியை ஒரே சுருதியில் நிறுத்த வேண்டுமானால், இழுவிசை நீளத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். 30-ஐ 34-ஆல் வகுத்து இருமடியாக்கினால் 0.78; அதாவது 22 சதவீதம் தளர்வு. பிரிசிஷனில் 17 கிலோ விசையோடு நிற்கும் கம்பி இங்கே 13 கிலோ விசையோடு நிற்கும். விரலுக்குக் கீழே அது ரப்பர் மாதிரி வளைந்து கொடுக்கும். தடித்த கம்பியின் விறைப்பும் குறுகிய நீளத்தில் அதிகமாகத் தலைகாட்டும்; உயர் சீரிசைகள் மடங்கிலிருந்து சற்று விலகி, சீக்கிரம் அடங்கும். மிஞ்சுவது உருண்டையான, கொஞ்சம் மரத்தனமான "தும்". அந்த ஒலிக்கு என் மனதில் தனி இடம் உண்டு.

கம்பியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இது பாதிக் கதை. டெட்ராய்ட்டின் மோடவுன் இசைத்தட்டு நிறுவனத்தில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் 1962-ன் பிரிசிஷன். அதில் தட்டையான நாடாவைச் சுற்றிய தடித்த ஃபிளாட்வுண்ட் கம்பிகள். அவற்றை மாற்றும் பழக்கமே அவருக்கு இல்லை. பிரிட்ஜ் மூடிக்கு அடியில் ஒரு துண்டு ஃபோம் கம்பிகளைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஆள்காட்டி விரல் ஒன்றால்தான் சுண்டுவார். வியர்வையும் அழுக்கும் சுற்றுகளுக்கு நடுவே ஏறி உராய்வைக் கூட்ட, ஃபோம் மிச்சத்தை உறிஞ்ச, உயர் சீரிசைகள் பிறந்த கணத்திலேயே அணைந்துவிடும். அடிப்படையும் முதல் சில சீரிசைகளும் மட்டும் தாளத்தோடு விழுந்து நிற்கும். அதே பிரிசிஷனில் 1960களின் நடுவில் பரவத் தொடங்கிய, உருண்டையான இழையைச் சுற்றிய ரவுண்ட்வுண்ட் கம்பிகளைப் புதிதாக மாட்டினால் பியானோவின் கீழ்க்கட்டை போலக் கணீரென்று ஒலிக்கும். பழைய பேஸின் குரல் என்று நாம் நினைவில் வைத்திருப்பதில் எவ்வளவு பங்கு அந்தப் பழைய கம்பிகளுக்குரியது என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

வயதின் பங்கு? அந்தக் கால பிக்கப்புகளில் இருந்த அல்நிக்கோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த உலோகம்) காந்தங்கள் பல பத்தாண்டுகளிலும் அதிகம் வலுவிழப்பதில்லை. செப்பு இழையைக் கையால் வழிநடத்திச் சுற்றியதால் சுற்றுகளின் எண்ணிக்கை பிக்கப்புக்குப் பிக்கப் மாறியது. சுற்று கூடினால் ஒலி வலுக்கும், உச்சப் பகுதி சற்றுக் கீழே இறங்கும். ஆகவே ஒரே ஆண்டில், ஒரே மேசையில் செய்த இரண்டு பேஸ்கள்கூட அச்சு அசலாக ஒன்றுபோல ஒலிப்பதில்லை.

மரம் உண்மையிலேயே குறுக்கிடும் ஓர் இடம் உண்டு, ஆனால் அது உடலில் இல்லை, கழுத்தில். ஃபெண்டர் வகைப் பேஸில் ஜி கம்பியின் ஐந்தாவது முதல் ஏழாவது பிரெட் வரை ஒவ்வொன்றாக வாசித்துப் பாருங்கள். என்னிடம் இருக்கும் பேஸில் ஆறாவது பிரெட்டில் சுரம் பிறக்கும், உடனே தொண்டை அடைத்ததுபோல் செத்துப்போகும். முன்னும் பின்னும் உள்ள பிரெட்டுகள் நன்றாகப் பாடும். அந்தச் சுரம் சுமார் 139 ஹெர்ட்ஸ். நீண்ட கழுத்துக்கும் அதன் நுனியில் தொங்கும் கனத்த முறுக்காணிகளுக்கும் இயல்பாகவே ஓர் அதிர்வெண் உண்டு. கம்பியின் அதிர்வெண் அதோடு ஒத்துப்போனால் கழுத்தும் சேர்ந்து ஆடத் தொடங்கி, கம்பியின் ஆற்றலை உறிஞ்சிக்கொள்ளும். தலைப்பகுதியில் ஒரு சிறிய இரும்புக் கவ்வியை மாட்டினேன். எடை கூடியதும் கழுத்தின் அதிர்வெண் இறங்கியது. ஆறாவது பிரெட் உயிர் பெற்று, ஐந்தாவது பிரெட் அடங்கிப்போனது.

ஜாக்கோ பாஸ்டோரியஸ் என்ற கலைஞர் அறுபதுகளின் ஜாஸ் பேஸ் ஒன்றை பிரெட்டுகள் இல்லாமல் வாசித்தார். பிரெட் இருந்தால் கம்பி ஓர் உலோக விளிம்பில் சட்டென்று முடியும். அது இல்லாதபோது, விரல் அழுத்திய இடத்துக்கு முன்னால் கம்பி பலகையை மெல்லிய கோணத்தில் உரசிக்கொண்டே ஆடும். அந்த உரசல் ஒவ்வொரு ஆட்டத்திலும் புதிய உயர் சீரிசைகளைக் கிளப்பிவிடும். தம்பூராவிலும் வீணையிலும் அகன்ற, வளைந்த குதிரை செய்யும் வேலை இதேதான். ஒரு சீரிசையின் கணுவில் சுண்டினால் அந்தச் சீரிசை எழாது என்பது பழைய விதி. நம் வாத்தியங்களில் அந்த விதி பொய்த்துப்போவதை 1921-ல் சி.வி. ராமன் எடுத்துக்காட்டி, காரணம் குதிரையில் இருக்கிறது என்றார். ஜாக்கோ பயன்படுத்திய ரவுண்ட்வுண்ட் கம்பிகள் அரம்போல ரோஸ்வுட்டை அறுத்துவிடும் என்பதால், படகுகளுக்குப் பூசும் எப்பாக்ஸி என்ற பிசினைப் பலகைமேல் பூசியிருந்தார். கடினமான அந்தப் பூச்சு உயர் சீரிசைகளை விழுங்காமல் திருப்பி அனுப்பியது. அவற்றைக் கேட்க அவர் பெரும்பாலும் நம்பியது பிரிட்ஜுக்கு அருகே, 2.4 அங்குலத்தில் இருந்த பின் பிக்கப்பை.