டைல்ஸ் தண்ணீரைத் தடுக்காது: பழைய பாத்ரூமைச் சொந்தக் கையால் மாற்றும் முன் படியுங்கள்

கீழ்வீட்டு சீலிங்கில் கறை. மேல்வீட்டுக்காரர் தன் பழைய பாத்ரூமுக்குத் தானே புது டைல்ஸ் ஒட்டி மூன்று மாதம்கூட ஆகவில்லை. "எல்லாம் புதுசு சார், எங்க பாத்ரூம்ல இருந்து இறங்க வாய்ப்பே இல்ல" என்கிறார். புதுச்சேரியில் லாஸ்பேட்டை, ரெட்டியார்பாளையம், கடலூரில் மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் என்று ஊர்தான் மாறுகிறது, வசனம் மாறுவதில்லை. டைல்ஸை உடைத்துப் பார்த்தால் அடியில் பழைய டைல்ஸ், அதற்கும் அடியில் சேறாக ஊறிய கலவை. கையில் இருந்த காசு முழுவதும் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் போயிருக்கிறது.

சொந்தமாக வேலை செய்வதை யாரும் குறை சொல்லவில்லை. பாத்ரூம் வேலையில் கூலிதான் பெரிய செலவு. கை பழகியவர் தானே செய்துகொள்ளக்கூடிய வேலைகள் நிறைய உண்டு. ஆனால் குறைந்த பணத்தை எங்கே முதலில் போடுவது என்பதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள்.

டைல்ஸ் ஒட்டினால் தண்ணீர் இறங்காது என்ற நம்பிக்கையைத் தயவுசெய்து விடுங்கள். நல்ல டைல்ஸ் வழியாகத் தண்ணீர் இறங்காது, உண்மைதான். ஆனால் தரை முழுக்க ஒரே டைல்ஸ் இல்லையே! 5 அடிக்கு 7 அடி பாத்ரூமில் 1 அடி டைல்ஸ் போட்டால் நடுவில் ஓடும் இணைப்பு மட்டும் 58 அடி. சுவர் ஓரம் 24 அடி. ஆக 82 அடி நீளத்துக்கு இடைவெளி. அதை அடைத்திருப்பது வெள்ளை சிமெண்ட். மண்பானையில் தண்ணீர் நிரப்பினால் வெளியே வியர்க்கிறதே, அதுபோல சிமெண்டும் நுண்துளை உள்ள பொருள்தான். காய்ந்து சுருங்கும்போது மயிரிழை விரிசலும் விடும். சுவரும் தரையும் சேரும் மூலையில் இரண்டும் வேறு வேறு அளவில் அசைவதால் அங்கேதான் முதலில் விரியும். தரைத் தண்ணீர் வடியும் நாணி டிராப்பைச் சுற்றி இன்னும் மோசம். பிளாஸ்டிக்கும் சிமெண்டும் ஒட்டாது, எத்தனை முறை பூசினாலும் ஒட்டாது.

"வெள்ளை சிமெண்டைக் கரைச்சு ஊத்திட்டேன், இப்ப லீக் நின்னுடுச்சு" என்பார்கள். நின்றது சில வாரத்துக்கு. தண்ணீர் ஏற்கெனவே அடிக்கலவையில் தேங்கியிருக்கிறது. மேலே புது டைல்ஸ் ஒட்டியதும் அது மேல்பக்கம் ஆவியாகவும் வழியில்லை, கீழே இறங்குவது ஒன்றே வழி. அதனால்தான் புது டைல்ஸ் போட்ட பிறகு கீழ்வீட்டில் கறை பெரிதாகிறது. தண்ணீரைத் தடுப்பது டைல்ஸுக்குக் கீழே இருக்கும் வாட்டர்புரூஃப் பூச்சு. டைல்ஸ் தேய்மானத்துக்கும் சுத்தத்துக்கும் அழகுக்கும்.

நம் கடலோரத்தில் இது அழகுப் பிரச்சினையும் அல்ல. காற்றில் உப்பு, பல இடங்களில் போர்த் தண்ணீரிலும் உப்பு. அந்தத் தண்ணீர் ஸ்லாபுக்குள் இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பு இருந்த இடத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும், கான்கிரீட்டைக் கீழ்ப்பக்கம் தள்ளி உடைக்கும். கீழ்வீட்டில் பூச்சு பொரிந்து கம்பி தெரிகிற கட்டம் வந்துவிட்டால் பாத்ரூம் பட்ஜெட்டெல்லாம் போதாது.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது கொட்டிய மழையின் மேல் பழி போடுபவர்களும் உண்டு. கத்திரி வெயிலிலும் காயாத கறை மழையால் வந்ததல்ல.

ஒரு சுத்தி எடுக்கும் முன் சோதனை செய்யுங்கள், செலவு கிடையாது. முதலில் அந்த பாத்ரூமுக்கு வரும் வால்வை மூடிவிட்டு இரண்டு நாள் யாரும் உள்ளே போகாதீர்கள். கறை காயத் தொடங்கினால் வால்வைத் திறந்து வைத்து, ஆனால் பாத்ரூமைப் பயன்படுத்தாமல், இன்னும் இரண்டு நாள் பாருங்கள். அப்போது ஈரம் திரும்பினால் கோளாறு சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாயில். திரும்பாவிட்டால் நாணி டிராப்பைத் துணியும் பாலித்தீன் கவரும் வைத்து இறுக அடைத்து, தரையில் 2 அங்குலம் தண்ணீர் கட்டி, சுவரில் பென்சிலால் கோடு போட்டு 24 மணி நேரம் விடுங்கள். நீர்மட்டம் கோட்டுக்குக் கீழே தெளிவாக இறங்கி, கீழ்வீட்டில் ஈரம் கூடினால் தரைதான் குற்றவாளி. தரை தாங்கிவிட்டால் அடைப்பை எடுத்து இரண்டு பக்கெட் தண்ணீரை டிராப்பில் ஊற்றுங்கள். பிறகு ஃப்ளஷ் மட்டும் அடியுங்கள். எதைச் செய்யும்போது கீழ்வீடு நனைகிறதோ, கோளாறு அந்தக் கழிவுக் குழாயில். தண்ணீர்க் குழாய், தரை, டிராப் குழாய், ஃப்ளஷ் குழாய் இந்த நான்கில் எது என்று தெரியாமல் டைல்ஸ் வாங்கக் கிளம்பாதீர்கள்.

தரைதான் ஒழுகுகிறது என்றால் தரையை உடைத்தே ஆக வேண்டும். சுவர் டைல்ஸ் உறுதியாக இருந்தால் அடிவரிசை மட்டும் போதும், மேலே தொடாதீர்கள், அங்கேதான் பணம் மிச்சம். தொடங்கும் முன் டிராப் வாயிலும் கழிப்பறைக் கோப்பை வாயிலும் துணி திணித்து டேப் ஒட்டுங்கள். உள்ளே விழுந்த ஒரு கை ஜல்லி பிறகு குழாயையே உடைக்க வைக்கும். 5-க்கு 7 தரையில் 2 அங்குலக் கலவையும் டைல்ஸும் சேர்ந்து ஏறத்தாழ 400 கிலோ இடிபாடு வரும். சிமெண்ட் சாக்கில் பாதி பாதியாகக் கட்டி அன்றன்றே கீழே இறக்குங்கள், பால்கனியில் குவிக்க வேண்டாம். கண்ணாடியும் மாஸ்க்கும் இல்லாமல் டைல்ஸ் உடைக்கவே கூடாது.

சங்கன் ஸ்லாப் (பாத்ரூம் பகுதியில் மட்டும் ஸ்லாபைத் தாழ்த்தி, மேலே ஜல்லி நிரப்பியது) உள்ள அடுக்குமாடி வீடாக இருந்தால் கணக்கு வேறு. உள்ளே கொட்டியிருக்கும் செங்கல் ஜல்லி முழுக்க நீர் குடித்திருக்கும், அதை முழுவதும் வெளியே எடுத்து அடி ஸ்லாபிலேயே பூச்சு போட வேண்டும். அது ஆள் வைத்துச் செய்ய வேண்டிய வேலை. பாண்டியின் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் மாடி பாத்ரூம் ஒழுகினால் இன்னும் எச்சரிக்கை தேவை. அங்கே தாங்கி நிற்பது மர உத்தரம். சுவருக்குள் புதைந்த அதன் நுனி ஊறி இற்றுப்போனால் வெளியே தெரியாது. அப்படிப்பட்ட கட்டடங்களில் அனுபவமுள்ள பொறியாளர் பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

சுத்தமான தரை கிடைத்ததும் விரிசல்களை நோண்டி, பாலிமர் கலந்த கலவையால் அடையுங்கள். சுவரும் தரையும் சேரும் மூலையில் சாய்வாக ஒரு அங்குலக் கலவை வளைவு பிடியுங்கள். பவுடரும் திரவமுமாக இரண்டு பகுதியாக வரும் பாலிமர் பூச்சுதான் சொந்த வேலைக்குத் தோது. டப்பாவில் போட்ட விகிதத்தில் மட்டுமே கலக்க வேண்டும். கெட்டியாகிவிட்டது என்று தண்ணீர் ஊற்றினால் அந்தக் கலவை வீண். தரையை நனைத்து, தேங்கிய நீரை ஒற்றி எடுத்துவிட்டு, முதல் கோட் ஒரு வாக்கில், அது காய்ந்ததும் இரண்டாவது கோட் குறுக்கு வாக்கில். மூலைகளிலும் டிராப்பைச் சுற்றியும் முதல் கோட் ஈரமாக இருக்கும்போதே ஃபைபர் மெஷ் (இழை வலை) பதியுங்கள். பூச்சு டிராப்பின் வாய்க்குள் ஓர் அங்குலமாவது இறங்க வேண்டும். சுவரில் சுற்றிலும் 1 அடி. டைல்ஸ் எடுத்திருந்தால் ஷவர் பக்கம் 6 அடி உயரம். இந்த அளவு பாத்ரூமுக்கு எல்லாம் சேர்த்து 15 கிலோ போதும். பூச்சு முழுதாகக் காயத் தயாரிப்பாளர் சொன்ன நாள் வரை பொறுத்திருந்து, மறுபடி தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விடுங்கள். இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு டைல்ஸ் ஒட்டுபவர்களைப் பார்த்தால் உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. இரண்டு நாள் பொறுக்க முடியாதா?

வாட்டம் 6 அடிக்கு 1 அங்குலம், டிராப்பை நோக்கி. அதைக் கலவையிலேயே ரசமட்டம் வைத்துப் பிடித்துவிட வேண்டும், டைல்ஸ் ஒட்டும்போது சரிக்கட்ட முடியாது. மேட் ஃபினிஷ் டைல்ஸ் மட்டும் வாங்குங்கள். 1 அடிக்கு மேல் பெரிய டைல்ஸ் சின்ன பாத்ரூமில் வாட்டத்துக்கு வளையாது.

ஒழுகலே இல்லை, பார்க்கத்தான் பழசு என்றால் உங்கள் பாடு சுலபம். அப்போது பழைய டைல்ஸ் மேல் புது டைல்ஸ் ஒட்டலாம், தப்பில்லை. சாவி கொண்டு ஒவ்வொரு டைல்ஸையும் தட்டுங்கள். வெற்று ஓசை வருவதைப் பெயர்த்து, கலவையால் நிரப்புங்கள். சோப்புப் படிவம் போகத் தேய்த்து, மேற்பரப்பைக் கிரைண்டரால் கீறிவிடுங்கள். சாதா சிமெண்ட் பிடிக்காது. மூட்டையில் 'டைல் மேல் டைல்' என்று குறிப்பிட்ட பசைதான் வேண்டும். ஐஎஸ் 15477 முத்திரையைப் பாருங்கள். 20 கிலோ மூட்டை சுமார் 50 சதுர அடிக்கு வரும். பல் வைத்த கரண்டியால் ஒரே திசையில் இழுத்து ஒட்டுங்கள். நான்கு மூலையிலும் உருண்டை வைத்து அழுத்துகிற பழக்கத்தால் நடுவில் வெற்றிடம் விழும். தரை அரை அங்குலம் உயரும் என்பதால் கதவின் அடிப்பக்கமும் வாசற்படி உயரமும் முதலிலேயே அளந்துகொள்ளுங்கள்.

அதைவிட மலிவான வழி, டைல்ஸையே மாற்றாமல் இணைப்பை மட்டும் புதுப்பிப்பது. பழைய வெள்ளை சிமெண்டை முக்கால் ஆழமாவது சுரண்டி எடுத்து, ஒரு நாள் காயவிட்டு, எபாக்ஸி கிரௌட் (டைல்ஸ் இணைப்பை அடைக்கும் பிசின் கலவை) போடுங்கள். 1 அடி டைல்ஸுக்கு 3 மி.மீ. இடைவெளி என்றால் 5-க்கு 7 தரைக்கு 1 கிலோ. 8 அங்குல டைல்ஸ் என்றால் ஒன்றரை கிலோ. கால் கிலோ கால் கிலோவாகக் கலந்துகொள்ளுங்கள், நம் ஊர் சூட்டில் அரை மணியில் இறுகிவிடும். டைல்ஸ் மேல் படிந்ததை உடனுக்குடன் ஈர ஸ்பாஞ்சால் துடைக்காவிட்டால் பிறகு போகவே போகாது. மூலையில் மட்டும் கிரௌட் வேண்டாம், பூஞ்சை பிடிக்காத சிலிக்கான் போடுங்கள்.

ஆசிட் பற்றியும் சொல்லியாக வேண்டும். உப்புக்கறை போக ஆசிட் ஊற்றுவது நம் வீடுகளில் சடங்காகவே ஆகிவிட்டது. அது கறையோடு இணைப்புச் சிமெண்டையும் கரைக்கும், குழாயின் குரோம் பூச்சைத் தின்னும், விரிசல் வழியே இறங்கிக் கம்பியை அரிக்கும். ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்; மூடிய பாத்ரூமில் அது உயிரையே எடுக்கும். இரண்டையும் ஒரே நாளில்கூடப் பயன்படுத்தாதீர்கள்.

இந்தியன் கோப்பையை வெஸ்டர்னாக மாற்றுபவர்கள் பழைய கோப்பைக்குக் கீழே இருக்கும் டிராப்பை அப்படியே விட்டுவிடுகிறார்கள். புதுக் கோப்பைக்குள்ளேயே ஒரு டிராப் உண்டு. இரண்டுக்கும் நடுவே காற்று சிக்கி, ஃப்ளஷ் மந்தமாகும், அடிக்கடி அடைக்கும். பழைய டிராப்பை உடைத்தெடுத்து நேராக 110 மி.மீ. குழாயில் இணையுங்கள். கோப்பை வாங்கும் முன், டைல்ஸ் ஒட்டி முடித்த சுவர் முகத்திலிருந்து குழாய் மையம் வரை அளந்துகொள்ளுங்கள். 9 அங்குலமா 12 அங்குலமா என்று கடையில் கேட்பார்கள். தரையில் ஸ்க்ரூவுக்கு ஓட்டை போட்டதும் அது வாட்டர்புரூஃப் பூச்சில் விழுந்த ஓட்டை. சிலிக்கான் நிரப்பிவிட்டு ஸ்க்ரூ முடுக்குங்கள்.

பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயை உப்புத் தண்ணீர் உள்ளேயே அரித்திருக்கும். தரையை உடைக்கும்போதே அதையும் மாற்றிவிடுங்கள். பிளாஸ்டிக் குழாய்களில் வெந்நீருக்குச் சூடு தாங்கும் சிபிவிசி போடுங்கள், யுபிவிசி கூடாது. குழாய் ஒட்டும் சொல்யூஷனும் அதனதன் வகை அதனதற்கு. தண்ணீர் டேப் மாட்டும் இடத்தில் பித்தளை மரை உள்ள எல்போ வாங்குங்கள், பிளாஸ்டிக் மரை இறுக்கும்போது விரிந்துவிடும். 24 மணி நேரம் காய்ந்த பின் பிளம்பரிடம் பிரஷர் பம்ப் வாங்கி 10 கிலோ அழுத்தம் ஏற்றி, 2 மணி நேரம் முள் இறங்காமல் நிற்கிறதா பாருங்கள். அதன் பிறகே சுவரை மூடலாம்.

மின்சாரத்தில் மட்டும் உங்கள் கை வேண்டாம், லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். 3000 வாட் கீசர் 13 ஆம்பியர் இழுக்கும். அதற்குத் தனி லைன், 4 சதுர மி.மீ. காப்பர் வயர், 16 ஆம்பியர் பாயிண்ட், உண்மையான எர்த் வேண்டும். நியூட்ரலையும் எர்த்தையும் முறுக்கிவிடுபவர் வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். அதிக மின்சாரம் ஓடினால் துண்டிக்கும் எம்சிபி வயரைக் காப்பாற்றும், மனிதரைக் காப்பாற்றுவது மின்கசிவில் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. அது இல்லாத வீட்டில் டைல்ஸ் பட்ஜெட்டைக் குறைத்தாவது முதலில் அதை வாங்குங்கள். மாதம் ஒரு முறை டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். கீசர் சேஃப்டி வால்வில் சூடாகும்போது சொட்டுவது கோளாறு அல்ல, அதை அடைத்தால் தொட்டி வெடிக்கும். மலிவு என்று கேஸ் கீசரை பாத்ரூமுக்குள் மாட்டவே மாட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

சுவரை மூடும் முன், குழாயும் வயரும் ஓடும் இடத்தை அளவு டேப்பைப் பக்கத்தில் வைத்து நான்கு சுவரையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் அம்மாவோ தாத்தாவோ இருந்தால் கோப்பைக்குப் பக்கத்தில், தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரத்தில் ஒரு பிடிகம்பி மாட்டுவீர்கள், மாட்ட வேண்டும். அந்த ஓட்டை புதுக் குழாயில் விழாமல் இருக்க அந்தப் போட்டோதான் உதவும். பிடிகம்பிக்கு டைல்ஸைத் தாண்டிச் செங்கல் வரை இறங்கும் ஆங்கர் போல்ட் போடுங்கள். துண்டு காயப்போடும் கம்பி ஒரு ஆளின் எடையைத் தாங்காது.