கொல்லைக் காவல் துப்பாக்கியில் எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது?

ஒடுகத்தூர் பக்கம் மலையடிவாரத்தில் கடலையும் மரவள்ளியும் போட்டவர்களிடம் காட்டுப்பன்றியைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. என் சித்தப்பா வீட்டில் பயிர்க் காவலுக்கென லைசென்ஸ் வாங்கிய ஒற்றைக் குழல் துப்பாக்கி இருக்கிறது. ஒரு முறை சுட்டால் மடக்கித் திறந்து அடுத்த தோட்டாவைப் போட வேண்டும். போன பொங்கலுக்கு அவர் மகன் போனை நீட்டினான். "அண்ணா, நம்ம துப்பாக்கி மாதிரிதான், என்னமா மாத்தியிருக்கான் பாருங்க." அமெரிக்காக்காரர் ஒருவர் ஒரே தோட்டா போடும் ரைபிளுக்கு உதிரிகளை மாட்டும் ரெயில் பட்டை, குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப், டார்ச், தோளில் வைக்கும் மடக்குக் கட்டை எல்லாம் பூட்டி, முனையில் சைலன்சரும் வைத்திருந்தார்.

அந்த ஊரிலேயே எல்லாம் இஷ்டத்துக்கு இல்லை. குட்டைக் குழல் வைத்த ரைபிளையும் சைலன்சரையும் பதிவு செய்ய வேண்டும் என்று அங்கே 1934-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். நமக்கோ 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016-இன் ஆயுத விதிகளும். சட்டம் போட்டிருக்கும் கோடுகள் சில இடங்களில்தான், ஆனால் கெட்டியான கோடுகள்.

முதல் கோடு குழலில். காவலுக்காகவோ விளையாட்டுக்காகவோ சாதாரணக் குடிமகனுக்கு லைசென்ஸ் தரும் பிரிவு, குறைந்தது 20 அங்குலக் குழல் உள்ள துப்பாக்கியைத்தான் சொல்கிறது. பயிர்க் காவலுக்கு முதலில் தருவது குழலின் வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கி. அது போதாது என்று அதிகாரிக்குத் தோன்றினால்தான் தோட்டா போடும் வகை. குழல் முனை நசுங்கிவிட்டது, இரண்டு அங்குலம் அறுத்துவிடலாம் என்று பட்டறைக்குத் தூக்கிப் போகிறவர்கள் உண்டு. உரிமமின்றிக் குழலைக் குறைப்பது 6-ஆம் பிரிவுக்கு விரோதம். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை. ஒரு வகைத் துப்பாக்கியை வேறு வகையாக மாற்றினாலும் அதே தண்டனைதான்.

இரண்டாவது சைலன்சர். இதைப் பலர் வெறும் உதிரி பாகம் என்று நினைக்கிறார்கள். சத்தத்தையோ தீப்பொறியையோ குறைக்கும் கருவியை, சட்டத்தின் விளக்கப் பிரிவே துப்பாக்கி என்ற சொல்லுக்குள் அடக்கிவிட்டது. துப்பாக்கியின் பாகங்களும் அதே கணக்கு. அதனால் வெளிநாட்டுத் தளத்தில் ஆர்டர் போட்டு பார்சலில் வரவழைக்கிற யோசனையை மறந்துவிடுங்கள். ஆயுத இறக்குமதிக்கு 10-ஆம் பிரிவின் கீழ் தனி லைசென்ஸ் வேண்டும்.

மூன்றாவதுதான் யாரும் எதிர்பாராத இடத்தில் காலை வாரும். பழைய துப்பாக்கியைப் புதுசாக்குகிறேன் என்று உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறார்கள். குழலிலும் அடியிலும் கொத்தியிருக்கும் எண் மங்கிப்போகிறது. 8-ஆம் பிரிவின்படி அந்த அடையாளத்தை அழிக்கவோ மாற்றவோ கூடாது. எண் அழிந்த துப்பாக்கி உங்கள் கையில் இருந்தால், அழித்தவர் நீங்கள்தான் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது உங்கள் தலையில். சித்தப்பா வருஷத்துக்கு ஒருமுறை எண் இருக்கும் இடத்தில் எண்ணெய்த் துணியால் துடைத்து, லைசென்ஸ் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு இலக்கமாக வாசிப்பார். முன்பு சிரிப்பேன். இப்போது சிரிப்பதில்லை.

சரி, ஸ்கோப்? அது சத்தத்தையும் குறைக்காது, குழலையும் தொடாது. ஆனால் அதை மாட்டத் துப்பாக்கி உடம்பில் துளை போட வேண்டுமென்றால், அது துப்பாக்கி வேலை. பழுது பார்க்கவும் மாற்றவும் 5-ஆம் பிரிவின் கீழ் லைசென்ஸ் வைத்திருக்கும் கடைக்காரர்தான் அதைச் செய்யலாம். லேத் பட்டறை அண்ணன் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் கூடாது. அதுவும் போக, உள்ளே மழமழவென்றிருக்கும் குழலில் சிதறு ரவை போட்டுச் சுடுகிறவருக்கு ஸ்கோப் எதற்கு? தண்டச் செலவு.

டார்ச் விஷயத்தில் என் எண்ணம் வேறு. பயிர்க் காவல் லைசென்ஸ் வேட்டை அனுமதி ஆகாது. 1972 வனவிலங்குச் சட்டம் தனியாக நிற்கிறது. விளக்கு பூட்டிய துப்பாக்கியோடு ராத்திரியில் காட்டோரம் நின்றால், காவலுக்கு வந்தேன் என்று சொல்லி வனத்துறையை நம்பவைப்பது கஷ்டம்.

கடைக்கு யார் கொண்டுபோவது என்பதிலும் கவனம் தேவை. லைசென்ஸ் சித்தப்பா பெயரில். பழுது பார்க்கவோ லைசென்ஸ் புதுப்பிக்கவோ மகன் தூக்கிப் போகலாம், ஆனால் அவர் கூடவே இருக்க வேண்டும், அல்லது கைப்பட எழுதிய கடிதம் மகன் சட்டைப்பையில் இருக்க வேண்டும்.

2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகும் ஆம்பூர், ஆற்காட்டுக்காரர்கள் சிலர் பழைய நினைப்பில் லைசென்ஸ் வேலைக்கு வேலூர் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசுக்கே வருகிறார்கள். ஆம்பூருக்குத் திருப்பத்தூர், ஆற்காட்டுக்கு ராணிப்பேட்டை. அணைக்கட்டு, குடியாத்தம், பேரணாம்பட்டுக்குத்தான் வேலூர். லைசென்ஸ் காலம் இப்போது 5 ஆண்டு.

கடைசியில் சித்தப்பா மாற்றியது ஒன்றே ஒன்று. கட்டை தோளில் பதியும் இடத்தில் லைசென்ஸ் கடையில் ரப்பர் அட்டை வைத்து வாங்கினார். அந்தப் பில்லை லைசென்ஸ் புத்தகத்துக்குள் மடித்து வைத்திருக்கிறார்.