ஹெர்னியாவை இழுத்துத் தைத்தால் ஏன் பிரிகிறது?

அசையாமல் மல்லாந்து படுத்திருக்கும்போது வயிற்றுக்குள் அழுத்தம் கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லலாம். எழுந்து நின்றால் சுமார் 20 மில்லிமீட்டர் பாதரசம். நின்றபடி இருமினால் 100-ஐத் தாண்டும். குதித்தால் 170-ஐத் தொடும். ஆரோக்கியமான இளம் வயதினரிடம் அளந்து 2005-இல் வெளியான கணக்கு இது. ரத்த அழுத்தத்துக்கும் இதே அலகுதான் என்பதால், ஒரு இருமலின் பலம் எவ்வளவு என்று எளிதாக ஊகிக்கலாம். இந்த அழுத்தத்தை நாள் முழுக்க தாங்கிக்கொண்டிருப்பது எலும்பில்லாத ஒரு சுவர்.

அந்தச் சுவரின் அமைப்பு அழகானது. நடுவில் மேலிருந்து கீழாக ஓடும் இரண்டு ரெக்டஸ் தசைகள். பக்கவாட்டில் மூன்று தட்டைத் தசைகள், ஒன்றன்மேல் ஒன்றாக, நார்கள் வெவ்வேறு திசையில் ஓடும்படி அடுக்கப்பட்டவை. பிளைவுட் பலகையில் மரத்தாள்களைத் திசை மாற்றி மாற்றி ஒட்டுவார்களே, அதே உத்தி. பக்கத் தசைகளின் உறைகள் ரெக்டஸ் தசைகளைச் சுற்றி வந்து நடுக்கோட்டில் பின்னிக்கொள்கின்றன. அந்தக் கோட்டுக்கு லினியா ஆல்பா, அதாவது வெண்கோடு, என்று பெயர். அங்கே தசை கிடையாது, கொலாஜன் என்ற புரதத்தாலான வெறும் நார்தான். ரத்தம் குறைவாகச் சிந்தும், சீக்கிரம் உள்ளே போகலாம் என்பதால் பெரும்பாலான பெரிய வயிற்று அறுவைகளில் கத்தி வைப்பதும் இங்கேதான்.

சுவரில் எங்காவது நார்கள் விலகினால் உள்ளே இருப்பது பிதுங்கி வெளியே வரும். அதுதான் ஹெர்னியா. குடலிறக்கம் என்ற தமிழ்ப்பெயர் சற்றே தவறாக வழிநடத்துகிறது. பிதுங்குவது எப்போதும் குடலாக இருப்பதில்லை, பல நேரம் வெறும் கொழுப்புதான். தொப்புள், அதற்கு மேலே நடுக்கோடு, பழைய அறுவையின் தழும்பு ஆகியவை வழக்கமான இடங்கள். நடுக்கோட்டில் பெரிதாகக் கீறித் தைத்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கோ ஐந்தில் ஒருவருக்கோ அதே தழும்பில் பின்னாளில் ஹெர்னியா வருகிறது.

உடற்பயிற்சியால் இந்த ஓட்டையை மூட முடியாதா என்று பலர் கேட்பதுண்டு. முடியாது. பக்கத் தசைகள் சுருங்கும்போது வெண்கோட்டின் இரு விளிம்புகளையும் எதிரெதிர்ப் பக்கமாகத்தான் இழுக்கின்றன. பெல்ட் பிதுங்கலை அமுக்கி வைக்கும், அவ்வளவுதான்.

சரி, தைத்துவிட்டால்? நியாயமான யோசனை. இத்தாலியின் படுவா நகரில் எடுவார்டோ பஸ்ஸினி 1880-களில் இடுப்படி ஹெர்னியாவை அடுக்கடுக்காகத் தைத்துக் காட்டியதிலிருந்துதான் நவீன ஹெர்னியா அறுவை தொடங்குகிறது. ஆனால் தழும்பு ஹெர்னியாவில் இந்த யோசனை மோசமாகத் தோற்றது. நெதர்லாந்தில் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு சாராருக்குத் தையல் மட்டும், இன்னொரு சாராருக்கு ஓட்டையை மூடும் செயற்கை வலை என்று செய்து பார்த்தார்கள். பத்து ஆண்டு முடிவில் தையல் போட்டவர்களில் 63 சதவீதம் பேருக்கு ஹெர்னியா திரும்பியிருந்தது. வலை வைத்தவர்களில் 32 சதவீதம். பாதியாகக் குறைந்தது உண்மைதான், ஆனால் அந்த 32-உம் பெருமைப்படும்படியான எண் இல்லை.

தையல் தோற்பதன் காரணம் நூல் அறுந்துபோவதாகத்தான் இருக்கும் என்று தோன்றும். பெரும்பாலும் அப்படி இல்லை. நூல் முழுசாகவே இருக்கும், முடிச்சும் அவிழ்ந்திருக்காது. சக்கரத்தில் வனைந்த பானையை அடியில் நூல் விட்டு அறுத்தெடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். இறுக்கிய தையல் திசுவை அப்படித்தான் அறுக்கிறது. ஒவ்வோர் இருமலுக்கும் நூல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும். போதாததற்கு, இறுக்கத்தால் விளிம்பில் ரத்த ஓட்டம் குறைகிறது. ரத்தம் போகாத திசு ஆறாது. ஓட்டை விழக் காரணமே அங்கே கொலாஜன் நலிந்திருந்ததுதான். அந்த நலிந்த விளிம்புகளையே பலவந்தமாகச் சேர்த்துக் கட்டுகிறோம். எவ்வளவு பலமாக இழுக்கிறோமோ அவ்வளவு சீக்கிரம் பிரியும்.

உடலின் திசுவைப் போல உறுதியான ஒன்றைச் செயற்கையாகச் செய்ய முடிந்தால் ஹெர்னியாவின் ரகசியம் கைக்கு வந்துவிடும் என்று 19-ஆம் நூற்றாண்டிலேயே அறுவை மருத்துவர் தியோடர் பில்ரோத் ஆசைப்பட்டதாகச் சொல்வார்கள். அந்தப் பொருள் கடைசியில் வேதியியல் கூடத்திலிருந்து வந்தது. 1954-இல் இத்தாலியின் ஜூலியோ நட்டா சீரான கட்டமைப்புள்ள பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கை உருவாக்கினார். அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்க அறுவை மருத்துவர் பிரான்சிஸ் அஷர் பிளாஸ்டிக் இழைகளால் பின்னிய வலையை வயிற்றுச் சுவரில் பயன்படுத்தத் தொடங்கினார். 1980-களில் லாஸ் ஏஞ்சலஸில் இர்விங் லிக்டன்ஸ்டைன், இடுப்படி ஹெர்னியாவில் விளிம்புகளை இழுக்கவே வேண்டாம், மேலே வலையை விரித்தால் போதும் என்றார். 'இழுவிசையற்ற' அறுவை என்று அதற்குப் பெயர் வைத்தார். என் பார்வையில் இந்தத் துறையின் உண்மையான திருப்பம் அந்தப் பெயரில்தான் இருக்கிறது. வலை அதற்கு ஒரு கருவி.

வலை எப்படி வேலை செய்கிறது? கிழிசலுக்குப் போட்ட ஒட்டுத்துணி போல என்று நினைத்தால் பாதிதான் சரி. உடலுக்கு அது அந்நியப் பொருள். உடனே அழற்சி ஏற்படும், செல்கள் வந்து சூழும், கண்ணிகள் வழியே புதிய கொலாஜன் வளரும். சில வாரங்களில் வலையும் தழும்பும் பின்னிப் பிணைந்து ஒரே தகடாகிவிடும். தாங்குவது அந்தக் கூட்டுத் தகடுதான். நாம் வழக்கமாகப் பக்கவிளைவு என்று பயப்படும் அழற்சியே இங்கே சிகிச்சையின் ஒரு பகுதி. அளவு மீறாமல் இருக்க வேண்டும் என்பதுதான் சிக்கல். கண்ணிகள் மிகச் சிறியதாக இருந்தால் ஒவ்வொரு இழையைச் சுற்றியும் வளரும் தழும்பு பக்கத்துத் தழும்போடு ஒட்டி, மொத்தமும் விறைத்த பலகையாகிவிடும். சுருங்கும், வலிக்கும். ஆகவே கண்ணிகள் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும் வலைகளைப் பலரும் விரும்புகிறார்கள்.

அடுத்தது, வலையை எங்கே வைப்பது? ஓட்டையின் அளவுக்கே வெட்டி விளிம்போடு விளிம்பாகத் தைப்பது மிக மோசமான தேர்வு. முழு அழுத்தமும் அந்தத் தையலில் விழும். தசைக்கு மேலே, தோலடிக் கொழுப்புக்குக் கீழே வைப்பது எளிது. ஆனால் அதற்குத் தோலைப் பெரிதாகப் பிரிக்க வேண்டும். அங்கே நீர் கோக்கும், கிருமித்தொற்று வந்தால் வலையை எளிதில் பிடித்துக்கொள்ளும். பிரான்ஸில் ழான் ரீவ்ஸும் ரெனே ஸ்டோப்பாவும் வேறு வழி காட்டினார்கள். ரெக்டஸ் தசைக்குப் பின்னால், அதன் பின்னுறைக்கு முன்னால், இயற்கையாகவே ஓர் இடைவெளி உண்டு. அங்கே ஓட்டையைவிட எல்லாப் பக்கமும் பல சென்டிமீட்டர் அகலமாக வலையை விரித்தார்கள். குளியல் தொட்டியில் நீர் நிரம்ப நிரம்ப அடைப்பான் இன்னும் இறுகுவது போல, இருமும்போது வரும் அழுத்தமே வலையைத் தசையோடு சேர்த்து அழுத்துகிறது. முன்னாலும் பின்னாலும் ரத்த ஓட்டமுள்ள திசு. குடலோடு வலை உரசுவதும் இல்லை.

ஓட்டை பத்து, பதினைந்து சென்டிமீட்டர் அகலமாக இருந்தால் விளிம்புகள் சேரவே சேராது. இங்கேதான் 1990-இல் ஆஸ்கர் ராமிரெஸ் விவரித்த உத்தி வருகிறது. பக்கத்திலுள்ள மூன்று அடுக்குகளில் வெளி அடுக்கின் உறையை நீளவாக்கில் வெட்டிவிட்டால் மற்ற அடுக்குகள் வழுக்கி நடுவுக்கு வரும். பிளைவுட்டின் ஒரு தாளை விடுவித்து மற்றவற்றை நகர்த்துவது மாதிரி. 2012-இல் யூரி நோவிட்ஸ்கி குழுவினர் விவரித்த முறையில் வெட்டுவது உள் அடுக்கை. ரெக்டஸுக்குப் போகும் நரம்புகளைத் தொடாமல் அவற்றுக்கு உட்புறமாக வெட்ட வேண்டும். நரம்பு போனால் தசை தளர்ந்து, ஹெர்னியாவே இல்லாமல் வயிறு பிதுங்கும். செய்பவரின் கை அனுபவத்தை மிகவும் நம்பியிருக்கும் அறுவை இது.

குடலின் பெரும்பகுதி ஆண்டுக்கணக்கில் வெளிப்பையிலேயே குடியிருந்தால் இன்னொரு ஆபத்து. வயிறு சுருங்கிப் பழகியிருக்கும். எல்லாவற்றையும் திடீரென்று உள்ளே திணித்தால் உதரவிதானம் மேலே தள்ளப்படும், மூச்சு திணறும், சிறுநீரகத்துக்கு ரத்தம் குறையும். அர்ஜென்டினாவின் கோன்யி மொரேனோ 1940-களில் இதற்கொரு விசித்திரமான தீர்வு சொன்னார். அறுவைக்கு முன் பல நாள் வயிற்றுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை ஏற்றி, சுவரைப் பழக்குவது. இப்போது சில வாரங்களுக்கு முன்பே பக்கத் தசைகளில் போடாக்ஸ் ஊசி போட்டுத் தளர்த்துவதும் உண்டு. முகச் சுருக்கத்துக்குப் போடுவார்களே, அதே மருந்து.

லேப்ராஸ்கோபி முறையில், அதாவது சிறு துளைகள் வழியே கேமராவையும் கருவிகளையும் செலுத்தி, செய்த தழும்பு ஹெர்னியா அறுவை 1993-இல் முதன்முதலாக வெளியானது. சிறு துளைகள் என்பதால் காயத்தில் கிருமித்தொற்று குறைகிறது, பெரிய லாபம் அதுதான். ஆனால் வலையைப் பெரும்பாலும் வயிற்றின் உட்புறத்தில், குடலுக்கு எதிரே வைக்க வேண்டியிருப்பதால், குடல் ஒட்டாத பூச்சுள்ள வலை தேவை. உள்ளே போகும்போது ஏற்கெனவே ஒட்டியிருக்கும் குடலில் கவனிக்காமல் துளை விழும் அபாயமும் உண்டு. ரோபோ உதவியால் தசைக்குப் பின்னாலான இடத்தையே சிறு துளைகள் வழியாக அடைய முடிகிறது.

எந்த அறுவை சிறந்தது என்று கேட்டால், ஹெர்னியா திரும்பியதா என்பதை மட்டும் எண்ணிச் சொல்ல முடியாது. தழும்பு ஹெர்னியா அறுவை செய்துகொண்டவர்களை ஐந்து ஆண்டு பின்தொடர்ந்த டென்மார்க் பதிவேட்டில், வலை வைத்தவர்களுக்கு மறு அறுவை குறைந்தது. ஆனால் வலையாலேயே வந்த தொல்லைகள் ஆண்டுகள் போகப் போகச் சேர்ந்து, அந்த லாபத்தில் ஒரு பங்கைத் தின்றன. சிறிய ஹெர்னியாவுக்கு வலை தேவையா என்ற கேள்வி இதனால்தான் எழுகிறது. 1 முதல் 4 சென்டிமீட்டர் வரையிலான தொப்புள் ஹெர்னியாவில் 2018-இல் வெளியான ஒரு குலுக்கல் ஆய்வில், தையலுக்குப் பின் 12 சதவீதமும் வலைக்குப் பின் 4 சதவீதமும் திரும்பின. அதைவிடச் சிறியதற்குத் தையலே போதும் என்பது பொதுவான நடைமுறை. புகைபிடித்தல், அதிக எடை, கட்டுப்படாத சர்க்கரை ஆகியவை எந்த உத்தியையும் கெடுத்துவிடும். அவசரமில்லாத அறுவைக்கு முன் சில வாரமாவது புகையை நிறுத்தச் சொல்வது சும்மா உபதேசம் இல்லை. பிதுங்கல் திடீரென்று உள்ளே போகாமல் கல்லாக இறுகி, வலியும் வாந்தியும் வந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது. சிக்கிய குடலுக்கு ரத்தம் நின்றிருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தழும்பு ஹெர்னியா உருவாவதற்கான விதை முதல் அறுவையை முடித்துத் தைக்கும்போதே விழுந்துவிடுகிறது. வெகுகாலம் விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளிக் குத்தி, பெரிய பெரிய தையலாகப் போடுவதுதான் வழக்கம். நிறையத் திசுவைப் பிடித்தால் உறுதி என்ற நம்பிக்கை. நெதர்லாந்தில் 560 பேரிடம் நடந்து 2015-இல் வெளியான ஆய்வு இதைப் புரட்டிப் போட்டது. அரை சென்டிமீட்டர் இடைவெளியில், தசையைச் சேர்க்காமல் உறையை மட்டும் பிடித்து, நெருக்கமாகச் சின்னத் தையல்கள் போட்டார்கள். ஒரு ஆண்டில் ஹெர்னியா 21 சதவீதத்திலிருந்து 13-ஆகக் குறைந்தது. பெரிய தையலுக்குள் சிக்கும் தசையும் கொழுப்பும் நசுங்கி இளகும்போது நூல் தொய்ந்து விளிம்புகள் விலகுகின்றன. சின்னத் தையலில் இழுவிசை பல புள்ளிகளுக்குப் பங்கிடப்படுகிறது. காயத்தை மூட அவர்களுக்கு ஆன நேரம் சராசரியாக 14 நிமிடம். பழைய முறையில் 10.