நூறு வயதுத் தேக்கில் ஒரு வில்

பர்மாவின் மோல்மேனிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். தாத்தா கட்டிய மரவீட்டைப் பிரித்துவிட்டு சிமெண்ட் வீடு எழுப்புகிறார்களாம். கொல்லையில் தேக்குக் கைமரங்கள் அடுக்கிக் கிடக்கின்றன. அக்கா மகன் அவற்றில் ஒன்றைக் காட்டி, "மாமா, இதுல எனக்கு ஒரு வில்லு செஞ்சு தாங்க" என்று கேட்டிருக்கிறான். இத்தனை வருஷம் கிடந்த மரத்தில் உயிர் இருக்காது, இழுத்தால் முறியும் என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். பிரித்த வீட்டு மரத்தில் ஆயுதம் செய்வது குடும்பத்துக்கு ஆகாது என்று இன்னொரு பேச்சும் ஓடுகிறதாம். செய்யலாமா, கூடாதா என்று கேட்கிறார்.

தாராளமாகச் செய்யலாம். எந்தக் கட்டையை எடுக்கிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் வயது. அந்தக் காலத்துப் பர்மாத் தேக்கு வெட்டுவதற்கு முன்பே காய்ந்த மரம். பச்சைத் தேக்கு ஆற்றில் மிதக்காது. அதனால் அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் அதற்கு உள்ளே நீர் ஏறும் வெளிறையும் வளையமாக வெட்டிவிட்டு, நின்ற நிலையிலேயே மரத்தைச் சாக விடுவார்கள். இரண்டு மூன்று வருஷம் அப்படியே நின்று காய்ந்த பிறகுதான் கோடாலி விழும். யானை இழுத்து ஆற்றில் சேர்க்கும். சால்வீனில் மிதந்து மோல்மேன் வந்து சேரும். அப்புறம் கூரைக்கு அடியில் ஒரு தலைமுறைக்கு மேல் உட்கார்ந்திருக்கிறது. இவ்வளவு பொறுமையாகப் பதமான மரம் இன்று கடையில் கிடைக்காது.

செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின் மூன்றும் சேர்ந்ததுதான் மரம் என்று பள்ளியில் படித்திருப்போம். காலம் முதலில் கை வைப்பது ஹெமிசெல்லுலோஸில். இழுவிசையைத் தாங்கும் செல்லுலோஸ் அவ்வளவு சீக்கிரம் அசையாது. ஜப்பானின் ஹோர்யூஜி, உலகில் இன்று நிற்கும் மரக் கட்டடங்களிலேயே மிகப் பழையது, 7ஆம் நூற்றாண்டில் தோன்றிய கோயில். இதைப் போன்ற பழங்கட்டடங்களின் ஹினோகி என்ற ஜப்பானிய ஊசியிலை மரத்தைச் சோதித்த ஆய்வாளர் கோஹரா ஜிரோ, முதல் இருநூறு முந்நூறு வருஷங்களுக்கு அதன் விறைப்பு கூடுகிறது, அதற்குப் பிறகே மெல்ல இறங்குகிறது என்று கண்டார். தேக்கு வேறு, ஹினோகி வேறுதான். ஆனாலும் மழையும் கரையானும் தீண்டாத மரத்துக்கு நூறு வருஷம் ஒரு பெரிய வயதில்லை. ஒரே ஒரு குறையைக் கவனிக்க வேண்டும்: பழைய மரம் விறைப்பு குறையாமலே நொறுங்கும் குணத்தைச் சேர்த்துக்கொள்கிறது. திடீர் அதிர்ச்சியை முன்போல வாங்கிக்கொள்ளாது.

சரி, வில்லை இழுக்கும்போது மரத்துக்குள் என்ன நடக்கிறது? ஒரு அழிரப்பரின் பக்கவாட்டில் பேனாவால் நெருக்கமாகக் குறுக்குக் கோடுகள் போட்டு வளைத்துப் பாருங்கள். வெளிப்பக்கம் கோடுகள் விலகும், உட்பக்கம் நெருங்கும், நடுவில் ஓரிடத்தில் இடைவெளி மாறவே மாறாது. வில்லில் இலக்கைப் பார்க்கும் பக்கம் முதுகு, எய்பவரைப் பார்க்கும் பக்கம் வயிறு. முதுகு இழுபடுகிறது, வயிறு நசுங்குகிறது. மேற்பரப்பு எவ்வளவு நீள்கிறது என்று அறிய, தடிமனில் பாதியை வளைவின் ஆரத்தால் வகுத்தால் போதும். 12 மில்லிமீட்டர் தடிமனுள்ள வில் 80 சென்டிமீட்டர் ஆரத்தில் வளைந்தால் 6-ஐ 800-ஆல் வகுக்கிறோம், 0.75 சதவீதம் வரும். அற்பமாகத் தெரியும். ஆனால் பெரும்பாலான மரங்கள் 1 சதவீதத்தை நெருங்கும்போதே தளர்ந்துவிடும்.

இந்தக் கணக்கில் அகலம் எங்கேயும் வரவில்லை, பார்த்தீர்களா? இங்கிருந்துதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி தொடங்குகிறது.

நாண் இழுப்பது வில்லின் நுனியை. நுனியில் வளைக்கும் திருப்புத்திறன், அதாவது விசையையும் தூரத்தையும் பெருக்கி வருவது, பூஜ்யம். கைப்பிடியை நோக்கி வர வர ஏறக்குறைய ஒரே சீராக ஏறும். தலையிலிருந்து கால்வரை ஒரே அகலம், ஒரே தடிமன் உள்ள குச்சியை இழுத்தால் கைப்பிடிக்குப் பக்கத்தில்தான் அதிகமாக மடங்கும், அங்கேயே முறியும். நுனிப்பகுதி கடைசிவரை பெரிதாக வேலை செய்யாது. இப்போது தடிமனைத் தொடாமல், அகலத்தை மட்டும் கைப்பிடி ஓரத்தில் 2 அங்குலத்தில் தொடங்கி நுனியில் அரை அங்குலமாக நேர்கோட்டில் குறையுங்கள். மரத்தின் விறைப்பு அகலத்துக்கு நேர்விகிதம். ஆக, வளைக்கும் திருப்புத்திறன் எந்த வேகத்தில் குறைகிறதோ கிட்டத்தட்ட அதே வேகத்தில் விறைப்பும் குறைகிறது. இரண்டும் ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிடுவதால் வளைவு எங்கேயும் ஒன்றுபோல இருக்கும். வில் ஒரு வட்டத்தின் துண்டாக வளையும். ஆரம் ஒன்று, தடிமன் ஒன்று என்றால் மேலே போட்ட கணக்கின்படி நீட்சியும் எங்கும் ஒன்றுதான். ஒவ்வொரு அங்குல மரமும் சம பாரம் சுமக்கிறது. இரண்டு நீண்ட முக்கோணங்கள் இவ்வளவையும் செய்துவிடுகின்றன! கூடுதல் லாபமும் உண்டு: ஒல்லியான நுனி எடை குறைந்தது, விடுபடும்போது தன்னை நகர்த்திக்கொள்ளக் கொஞ்சம் ஆற்றலே போதும், மிச்சம் அம்புக்குப் போகிறது.

அகன்று தட்டையான வில் புதுச் சரக்கும் இல்லை. டென்மார்க்கின் ஹோல்மகோர் சதுப்பில் 1944-இல் கிடைத்த எல்ம் மர வில் சுமார் 9000 வருஷப் பழமை உடையது, அதுவும் தட்டைதான். பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய இயற்பியலாளர் கிளாரன்ஸ் ஹிக்மன் 1930களில் கணக்கும் சோதனையுமாக வந்து சேர்ந்ததும் இதே தட்டையான குறுக்குவெட்டுக்குத்தான்.

தடிமன் விஷயத்தில் மட்டும் கை நிதானம் வேண்டும். விறைப்பு தடிமனின் மும்மடிக்கு விகிதம் என்பதால், பத்தில் ஒரு பங்கு இழைத்தால் நாலில் ஒரு பங்குக்கு மேல் பலம் போய்விடும்.

இனி கட்டை தேர்வு. மரம் என்பது ஈர்க்குக் கட்டு மாதிரி. நீளவாக்கில் இழுத்தால் அறாது, ஈர்க்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிவது எளிது. முதுகுப் பரப்பில் நார் நுனியிலிருந்து நுனிவரை ஓடவேண்டும். நடுவில் சாய்ந்து விளிம்பு வழியாக வெளியேறினால் அந்த இடத்தில் பிளவு தொடங்கும். அமெரிக்க வன விளைபொருள் ஆய்வுக்கூடத்தின் அளவுகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. நார் 20-க்கு 1 என்ற சரிவில், அதாவது 20 அங்குல நீளத்துக்கு 1 அங்குலம் சாய்ந்தால் வளைவு வலிமையில் 93 சதவீதம் மிஞ்சும். 10-க்கு 1 என்றால் 81. 5-க்கு 1 என்றால் 55. அதிர்ச்சியைத் தாங்கும் திறன் இன்னும் வேகமாகச் சரிகிறது: 10-க்கு 1 சரிவிலேயே 62 சதவீதம்தான். பழைய மரத்தில் ஏற்கெனவே குறைந்திருப்பதும் அதுதானே! அதனால் பழைய தேக்கில் 20-க்கு 1-ஐவிட அதிகமாகச் சாய்கிற கட்டையை ஜன்னல் சட்டத்துக்கு ஒதுக்கிவிடுங்கள்.

சரிவைக் கண்டுபிடிக்க, ஒரு முகத்தை இழைப்புளியால் சுத்தமாகச் சீவி, ஒரு சொட்டுப் பேனா மையை வையுங்கள். தேக்கின் துளைகள் நீளமானவை, மை அவற்றுக்குள் இறங்கி நார் போகும் வழியில் மெல்லிய கோடாக ஓடும். அந்தக் கோட்டையும் கட்டையின் விளிம்பையும் ஒப்பிட்டால் போதும். பக்கவாட்டு முகத்திலும் இதையே செய்யவேண்டும். ஒரு முகத்தில் நேராக இருந்துவிட்டு மறுமுகத்தில் சாய்கிற கட்டை நிறைய உண்டு. முதுகாக வரப்போகும் பரப்பில் ரேகைகள் கோபுரம்போல் அடுக்கடுக்காகக் கூம்பினால் நார் அங்கே வெளியேறுகிறது என்று அர்த்தம். ஆணி துளைத்த இடம் கருநீலமாகக் கறைபட்டிருக்கும், அதைச் சுற்றியுள்ள மரத்தை நம்ப வேண்டாம். உள்ளே முறிந்து நிற்கும் ஆணிக்கு ஒரு காந்தத்தை ஓட்டிப் பாருங்கள், இழைப்புளியின் அலகு தப்பிக்கும். தேக்கில் சிலிக்கா உண்டு, அலகை அடிக்கடி தீட்ட வேண்டிவரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நேரான கட்டை கிடைத்தாலும் பழைய தேக்கின் முதுகில் மூங்கில் பட்டை ஒட்டுவது நல்லது. மூங்கிலின் நார் அதன் வெளித்தோலை ஒட்டித்தான் அடர்ந்திருக்கிறது. புறத்தே வைரம் உடையது புல், அகத்தே வைரம் உடையது மரம் என்று தொல்காப்பியம் பிரித்துவைத்ததை நினைத்துப் பாருங்கள்: புல்லின் புறவைரம் முதுகில் இழுவிசையைத் தாங்க, மரத்தின் அகவைரம் வயிற்றில் நசுக்குதலைத் தாங்குகிறது. தோலைச் சீவாமல் உட்புறத்தை இழைத்து 3 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தால் போதும். மூங்கில் தடித்தால் வயிற்றை நசுக்கிவிடும். தேக்கில் எண்ணெய் இருப்பதால் ஒட்டுவதற்குச் சற்று முன் தின்னரால் துடைத்துவிடவேண்டும், இல்லாவிட்டால் எப்பாக்ஸி பசை பிடிக்காது.

வயிறு தோற்பதைக் கண் எளிதில் பார்க்காது. செல்சுவர்கள் மடிந்து, நாருக்குக் குறுக்கே முடி போன்ற கோடுகள் விழும். நகத்தை நீளவாக்கில் ஓட்டினால் தட்டும். இரண்டு மூன்று கோடுகள் ஒரே இடத்தில் கூடினால் வில் அங்கே அளவுக்கு மீறி மடங்குகிறது. அந்த இடத்தை விட்டுவிட்டு இருபுறமும் சீவவேண்டும். மற்ற வேலை எல்லாம் பொறுமைதான். ஆறடி நீளம், கைப்பிடி மட்டும் தடிமனாக. தளர்ந்த நாண் கட்டிச் சுவரில் மாட்டி, கொஞ்சம் இழுத்து, தள்ளி நின்று வளைவைப் பார்த்து, விறைத்த இடத்தில் சீவி, மறுபடி இழுத்துப் பழக்க வேண்டும்.

ஆகாது என்ற பேச்சுக்கு வருகிறேன். மரத்துக்கு ஈரம் தெரியும், பாரம் தெரியும், யார் வீட்டுக் கூரையில் இருந்தோம் என்பது தெரியாது. அந்தப் பயத்தால் நல்ல மரம் அடுப்புக்குப் போவது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது. இந்த மரத்தின் பெயரால் போரே நடந்திருக்கிறது. 1885-இல் பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் என்ற ஆங்கிலேயத் தேக்கு நிறுவனத்தின் மீதான மரத் தகராறுதான் மூன்றாம் ஆங்கில-பர்மியப் போருக்குச் சாக்கானது. 2014-இல் பர்மாவிலிருந்து உருட்டு மர ஏற்றுமதியே தடை செய்யப்பட்டது. காட்டில் நிற்பதைக் காக்கச் சட்டம் போடும் நாடு, வீட்டில் நின்றதையும் அளந்து பார்க்கவேண்டும். பிரிக்கும் வீடுகளின் உத்தரங்களை ஊர் வாரியாக வளைத்துச் சோதித்து, எந்த வயது மரம் எவ்வளவு தாங்குகிறது என்று பதிவுசெய்ய ஒரு சாதாரண வளைவுச் சோதனை இயந்திரமும் இரண்டு இளைஞர்களும் போதும். ஆராய்ச்சிப் பணத்தில் ஒரு சிறு பங்கை இதற்கு ஒதுக்குவது வீண் செலவே இல்லை என்பது என் உறுதியான கருத்து.

வில் முடிந்த பிறகு மழைக்காலத்தை மறக்காதீர்கள். காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டினால் மரத்தின் ஈரம் 16 சதவீதம்வரை ஏறும், வயிறு மெத்தென்று ஆகி வளைந்தபடியே நின்றுவிடும். வார்னிஷ் நாலு பூச்சு கொடுங்கள், எய்யாத நேரம் நாணைக் கழற்றிப் படுக்கை வாட்டில் வையுங்கள். பையனுக்கு 25 பவுண்டு இழுவை போதும். அதில் சுமார் 25 ஜூல் ஆற்றல் சேர்கிறது; அம்பு இருந்தால் பெரும்பங்கை அது எடுத்துக்கொண்டு போகும். அம்பில்லாமல் நாணை விட்டால் அவ்வளவும் நூறு வயது மரத்துக்குள்ளேயே அதிர்ச்சியாகத் திரும்பும். வெறும் நாணை இழுத்து விடக்கூடாது என்பதை, வில்லைக் கையில் கொடுப்பதற்கு முன்பே மருமகனுக்குச் சொல்லிவிடுங்கள்.